பிள்ளைகளின் போன், டிவி நேரத்துக்கு அட்டவணை: படுக்கும் நேரத்திலிருந்து தொடங்குங்கள்

"ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான்" என்று மட்டும் சொல்லி வைத்தால் தினமும் வாக்குவாதம்தான். எப்போது ஆரம்பித்தது, சாப்பிடும்போது பார்த்தது கணக்கில் வருமா, விளம்பரம் ஓடிய நேரத்தைக் கழிக்கலாமா என்று பேச்சு நீளும். "மாலை 6 முதல் 6:45 வரை" என்று வைத்துவிட்டால் கடிகாரத்தைக் காட்டினால் போதும். எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

அட்டவணையைத் தூக்கத்திலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் தேவை. எட்டு வயதுப் பிள்ளை காலை 6:30க்கு எழ வேண்டுமானால், பத்து மணி நேரத் தூக்கத்துக்கு இரவு 8:30க்குள் தூங்கியிருக்க வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் முன்பு, அதாவது 7:30க்கு, வீட்டில் எல்லாத் திரைகளும் அணைய வேண்டும். பள்ளி, வீட்டுப்பாடம், வெளியே விளையாட்டு, குளியல், சாப்பாடு எல்லாவற்றையும் எழுதியபின் மிஞ்சும் இடம்தான் திரைக்கு. பள்ளி நாளில் அது பெரும்பாலும் முக்கால் மணி நேரத்தைத் தாண்டாது.

சின்னக் குழந்தைகளுக்குக் கணக்கே வேறு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் தந்த வழிகாட்டுதல்படி, இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம். 2 முதல் 4 வயது வரை அதிகபட்சம் ஒரு மணி நேரம், அதிலும் குறைந்தால் நல்லது.

சண்டை வருவது முடிக்கும் இடத்தில்தான். ஆட்டத்தின் நடுவில் போனைப் பிடுங்கினால் எந்தப் பிள்ளையும் அழும். அவர்கள் விளையாடும் கேமில் ஒரு ஆட்டம் எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 20 நிமிடம் என்றால், 6:25க்குப் பிறகு புது ஆட்டம் தொடங்கக் கூடாது என்பதே விதி. வீடியோ என்றால் "இரண்டு எபிசோடு" என்று எண்ணிக்கை வையுங்கள். யூடியூபில் ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முடிவு என்ற ஒன்றே வராது. பத்து நிமிடம் முன்பு சொல்லும் எச்சரிக்கையை அடுக்களையிலிருந்து கத்திச் சொல்லாதீர்கள். திரையில் மூழ்கிய பிள்ளையின் காதில் அது விழாது. பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, "சரி" என்ற பதில் வரும்வரை நில்லுங்கள். திரைக்கு அடுத்து வீட்டுப்பாடம் என்று இருந்தால் யாருக்கும் எழுந்திருக்க மனம் வராது. ஆகவே வீட்டுப்பாடம் முன்னால், திரை பின்னால், அதற்கடுத்துச் சாப்பாடு.

போனிலேயே கட்டுப்பாடு வைக்கலாம். ஆண்ட்ராய்டில் ஃபேமிலி லிங்க், ஐபோனில் ஸ்கிரீன் டைம் இரண்டிலும் தினசரி வரம்பும் இரவுப் பூட்டும் உண்டு. ஆனால் ஃபேமிலி லிங்கின் தினசரி வரம்பு ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி. போனில் ஒரு மணி, டேப்லெட்டில் ஒரு மணி என்று வைத்தால் மொத்தம் இரண்டு மணி ஆகிவிடும். ஸ்கிரீன் டைம் பாஸ்கோடைப் பிள்ளை எதிரில் அழுத்தாதீர்கள். போனைத் திறக்கும் எண்ணையே அதற்கும் வைக்காதீர்கள்.

எல்லா போன்களுக்கும் இரவில் சார்ஜ் போடும் இடம் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும், அப்பா அம்மா போன் உட்பட. அலாரத்துக்கு ஒரு சாதாரணக் கடிகாரம் போதும். தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் அவர்களையும் உட்கார வைத்தே அட்டவணையை எழுதுங்கள். அம்மா மறுத்ததைப் பாட்டி கொடுத்துவிட்டால் எந்த அட்டவணையும் நிற்காது.

மார்க் குறைந்தால் போனைப் பறிப்பது, சாப்பிட்டு முடித்தால் போன் கொடுப்பது இரண்டையும் தவிர்க்கவும். பரிசாகவும் தண்டனையாகவும் மாறும்போது திரைக்கு மதிப்பு கூடுகிறது.

முதல் வாரம் அழுகையும் கெஞ்சலும் முன்பைவிடக் கூடும். அங்கே ஒருமுறை இளகி, "இன்னிக்கு மட்டும்" என்று கொடுத்தால், எவ்வளவு நேரம் அழுதால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. குறைந்தது இரண்டு வாரம் மாற்றாமல் நடத்துங்கள். லீவு நாட்களுக்குத் தனி அட்டவணை எழுதலாம், ஆனால் இரவு அணைக்கும் நேரத்தை மட்டும் அரை மணிக்கு மேல் தள்ளாதீர்கள். தள்ளினால் பள்ளி திறக்கும் வாரத்தில் காலையில் எழுப்புவதே பெரும்பாடாகிவிடும்.