சரஸ்வதி பூஜை விடுமுறைக்குப் புத்தகங்களை எடுத்து வைக்கும் முறை

சரஸ்வதி பூஜையும் விஜயதசமியும் சனி, ஞாயிறோடு ஒட்டி வரும் ஆண்டுகளில், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மூன்று நான்கு நாள் தங்குவதாக ஊருக்கு வந்துவிடுகிறார்கள். வெண்ணாற்றுப் பாசனத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் அப்போது பதினான்கு பேர் கூடுவோம். வருகிறவர்களில் பாதிப் பேராவது பையில் ஒரு புத்தகம் வைத்திருப்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை வந்தபடியே திரும்பிப் போவதைப் பல ஆண்டுகளாகக் கவனித்திருக்கிறேன். தனியாக இருக்கும்போது படிப்பதற்கென்று வாங்கிய தடித்த நாவலை, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது கூப்பிடும் வீட்டுக்குள் கொண்டுவந்தால் அதற்கு வேறு கதி கிடையாது. ஆகவே, கூட்டத்தில் படிக்கும் நூல் எந்தப் பக்கத்தில் கீழே வைத்தாலும் கெட்டுப்போகாததாக இருக்க வேண்டும் என்பதை முதலிலேயே மனத்தில் கொண்டு, வீட்டிலிருப்பவர்தான் புத்தகங்களைத் தேர்ந்து வைக்க வேண்டும். விருந்தாளியிடம் அந்தப் பொறுப்பை விடுவது, அரிசியையும் நீங்களே கொண்டுவாருங்கள் என்று சொல்வதற்குச் சமம்.

வேலையைப் பூஜைக்குப் பத்து நாள் முன்பே தொடங்குவது நல்லது. எப்படியும் கொலுப்பொம்மைகளை இறக்கப் பரணில் ஏறுவோம். அப்போதே புத்தகப் பெட்டியையும் இறக்கிவிடலாம். புரட்டாசியில் எங்கள் பக்கத்துக் காற்றில் ஈரம் ஏறத் தொடங்கிவிடும் என்பதால், ராமபாணப் பூச்சி எங்கெங்கே துளைத்திருக்கிறது என்று ஒவ்வொரு நூலையும் பிரித்து உதறிப் பார்க்க வேண்டும். வெயிலில் காயப்போடக் கூடாது. தாள் முறுகிப் பழுத்துவிடும். நடுப்பகல் நேரத்தில் தாழ்வாரத்து நிழலில், அட்டையைச் சற்றே விரித்து நிறுத்தி வைத்து இரண்டு நாள் காற்றாட விட்டாலே போதும். பிறகு பெட்டியின் அடியில் வசம்புத் துண்டுகளையும் நன்றாகக் காய்ந்த வேப்பிலையையும் துணியில் முடிந்து வைக்கலாம். ஏட்டுச் சுவடி இருந்த வீடுகளில் வசம்பு எப்போதும் இருந்தது. வேப்பிலையைப் பச்சையாக வைத்தால் அந்த ஈரமே பூஞ்சணத்தை அழைத்து வந்துவிடும்.

இந்தப் பெட்டிகளில் கட்டாயம் தேட வேண்டிய பொருள் ஒன்று உண்டு. வார இதழ்களில் வந்த தொடர்கதைகளை வாரந்தோறும் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டு செய்து வைக்கும் பழக்கம் நம் பாட்டிமார்களிடம் இருந்தது. எங்கள் வீட்டில் அப்படி ஏழு தொகுதிகள் இருக்கின்றன. காலிகோ முதுகு, மாவுப் பசையின் புளித்த மணம், ஓரங்களை மட்டமாக வெட்டியபோது பக்க எண்ணின் பாதியும் சேர்ந்து போன தாள்கள், கதையின் பின்பக்கத்தில் தலைவலித் தைல விளம்பரம், அதற்கும் கீழே பாட்டி பென்சிலால் எழுதிய பால் கணக்கு. கதையில் ஆர்வம் இல்லாதவர்கள்கூட இந்தத் தொகுதிகளைக் கையில் எடுத்தால் ஒரு மணி நேரம் எழுந்திருப்பதில்லை. எங்களுடைய தொகுதி ஒன்றில் கடைசி வாரம் மட்டும் இல்லை. "முடிவு எங்கேடா போச்சு?" என்று சித்தப்பா ஒவ்வொரு வருடமும் கேட்கிறார், இதுவரை நான்கு பேர் நான்கு முடிவுகள் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டில் போதிய நூல்கள் இல்லாதவர்கள் கிளை நூலகத்துக்குப் போக வேண்டும். அதையும் முன்கூட்டியே செய்ய வேண்டும். பூஜையும் விஜயதசமியும் அரசு விடுமுறை என்பதால் நூலகம் பூட்டியிருக்கும். எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமையும் வார விடுமுறை. நூலகம் வரை போவதற்குச் சோம்பினால், மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து 1931-ஆம் ஆண்டில் புறப்பட்ட மாட்டுவண்டியை நினைத்துக்கொள்ளலாம்: கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சியால் நூல்களை ஏற்றிக்கொண்டு சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போன நடமாடும் நூலகம் அது. சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் தம்முடைய நூலக விதிகள் ஐந்தையும் நூலாக வெளியிட்டதும் அதே 1931-இல்தான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் வேண்டும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும் என்பவை அந்த ஐந்தில் இரண்டு. வீட்டுக்கு வரும் பதினான்கு பேரின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, எதிரே ஒரு நூலின் பெயரை எழுதிப் பார்த்தால் இந்த விதிகள் எவ்வளவு கடினமானவை என்று தெரியும். எனக்கு ஒன்பது பெயருக்கு மேல் நிரப்ப வந்ததில்லை.

எதை எடுத்து வைப்பது என்பதில் என் பரிந்துரை முதலாவதாகவும் பெரும்பாலும் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. பாபநாசத்துக்குப் பக்கத்தில் உள்ள உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு 1855-இல் பிறந்தவர் 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதியது என்பதால், 122 அத்தியாயங்களில் எதை எடுத்தாலும் ஒரே அமர்வில் முடிந்துவிடுகிறது; முன்கதை தெரியாதவரும் நடுவில் வந்து உட்காரலாம். அதைவிட முக்கியமான காரணம், அதில் வரும் ஊர்கள் நம்முடையவை. பாபநாசம், கும்பகோணம், மாயூரம், திருவாவடுதுறை என்று பெயர் வரும்போதெல்லாம், கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்களில் ஒருவர் இடைமறித்து அந்த ஊரில் தமக்கு யார் உறவு என்று சொல்லத் தொடங்குவார். அதைத் தடுக்க வேண்டாம். அத்தியாயம் எங்கேயும் போய்விடாது. ஏகாதசியன்று மறந்து வெற்றிலை போட்டுக்கொண்ட தஞ்சை அரசர் அதற்குப் பிராயச்சித்தமாக ஓர் அக்கிரகாரத்தையே அமைத்துக் கொடுத்தார் என்று தம் ஊர் பிறந்த கதையை அவர் சொல்லும் முதல் அத்தியாயத்தை, மதியச் சாப்பாட்டுக்குப் பின் தாம்பூலத் தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது படிக்க வேண்டும். வெற்றிலை நரம்பு கிள்ளிக்கொண்டிருந்த என் அத்தை, கை அப்படியே நிற்க, "அப்படின்னா நான் எத்தனை ஊர் கட்டித் தரணும்?" என்று கேட்டார்.

இளைஞர்கள் கூடியிருக்கும் நேரத்துக்கு, 1880 அக்டோபரில் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சாமிநாதையர் சந்திக்கும் பகுதி பொருத்தமானது. தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் இவர் வரிசையாகச் சொல்ல, அவர் அசைந்து கொடுக்காமல் அவற்றுக்கும் முற்பட்ட நூல்களைப் பற்றிக் கேட்கிறார். சீவக சிந்தாமணி 1887-இல் அச்சேறியதற்கு அந்தக் கேள்வியே தொடக்கம். இருவர் பேச்சாக அமைந்திருப்பதால் இரண்டு பேர் பங்கு பிரித்துக்கொண்டு படிக்கலாம். ஒரு வேலைக்கு நேர்காணல் போய் வந்த பையன் வீட்டில் இருந்தால் அவனுக்குச் சாமிநாதையர் பங்கைக் கொடுங்கள். அந்தப் பட்டியல் குரலில் எப்படித் தளர்ந்துகொண்டே போக வேண்டும் என்று அவனுக்குச் சொல்லித்தர வேண்டியிராது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தி. ஜானகிராமனின் சிறுகதைத் தொகுப்பு ஒன்று இருக்கலாம்; 'மோகமுள்' தனியாகப் படிக்க வேண்டியது, அதைப் பேத்தி ஊருக்கு எடுத்துப் போகட்டும். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் நான்கு நாளில் முடிக்க முனைபவர் பந்திக்குக்கூட எழுந்து வரமாட்டார். ஆனால் ஆடிப் பதினெட்டாம் நாளில் வீராணத்து ஏரிக்கரையில் குதிரை வரும் தொடக்கத்தை மட்டும் குழந்தைகளுக்கு உரக்கப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, அவர்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிடலாம். குறுவை அறுவடை முடியாத ஆண்டாக இருந்தால், ரோட்டோரம் நெல்லைக் காயப்போட்டுவிட்டு மேகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் மாமாவுக்கு உரையோடு கூடிய குறுந்தொகைப் பதிப்பு ஒன்றைக் கொடுக்கலாம். நான்கு முதல் எட்டு அடி. ஒரு பாட்டைப் படித்துவிட்டு வானத்தைப் பார்க்கலாம், நெல்லைத் துழாவிவிட்டு வந்து அதே பாட்டை மறுபடியும் படிக்கலாம். எங்கள் வீட்டில் மற்ற எல்லோரையும்விட நெல் காவலுக்கு உட்காருகிறவர்தாம் அதிகம் படிக்கிறார்.

இனி பூஜை நாள். அன்று புத்தகத்தைத் தொடக் கூடாது, படிக்கக் கூடாது என்பது வழக்கம். வாசிப்புக்கென்று ஒதுக்கிய விடுமுறையில் ஒரு நாள் முழுவதும் இப்படிப் பூட்டிக்கொள்கிறோமே என்று நானும் ஒரு காலத்தில் அங்கலாய்த்தேன். இப்போது அந்த நாளை விட்டுக்கொடுக்க மாட்டேன். மனைப்பலகையில் அடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டால், பாடப்புத்தகத்தில் தமக்குப் பிடிக்காதவற்றை எல்லாம் முதலில் கொண்டுவந்து அடியில் வைப்பார்கள். கணக்குப் புத்தகம் எப்போதும் அடியில்தான் இருக்கும். அதற்கு மேல் நாம் தேர்ந்து வைத்த நூல்களை, முதுகில் பெயர் தெரியும்படி அடுக்க வேண்டும். நாள் முழுவதும் அந்தப் பெயர்களைப் பார்த்துக்கொண்டு, தொட முடியாமல் சுற்றி வருகிறவனுக்கு மறுநாள் காலையில் எதை எடுப்பது என்பதில் ஐயம் இருப்பதில்லை. கைப்பேசியைப் பூஜையில் வைக்க யாரும் முன்வருவதில்லை என்பதையும் இங்கே குறித்துக்கொள்கிறேன்.

அடுக்கும்போது ஒரு கவனம் தேவை. சந்தனமும் குங்குமமும் நேராக அட்டையில் வைக்கக் கூடாது. தண்ணீர் அதிகமாகக் குழைத்த சந்தனத்தை ஒருமுறை நான் பழைய பதிப்பு ஒன்றின் மேலட்டையில் வைத்துவிட்டு, மறுநாள் பார்த்தபோது முதல் எட்டுப் பக்கங்களில் காசளவு மஞ்சள் வட்டம் ஊறி இறங்கியிருந்தது. இப்போது அடுக்கின் மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் ஓர் அட்டைத் துண்டை வைத்து அதற்குப் பொட்டு வைக்கிறோம். பூவையும் அதன்மேல்தான் போட வேண்டும். சாமந்தியின் ஈரமும் சந்தனத்துக்குக் குறைந்ததன்று. சுண்டலுக்குத் தாளித்த எண்ணெயைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் கை கழுவிவிட்டு வா என்று பத்துத் தடவை சொல்வதைவிடப் புத்தகத்தின் அருகிலேயே ஒரு பழைய துண்டைப் போட்டு வைப்பது பயன் தரும்.

விஜயதசமியன்று காலையில் புனர்பூஜை முடிந்ததும் அடுக்கிலிருந்து ஆளுக்கு ஒன்றை எடுத்து ஒரு பக்கமாவது படிக்க வேண்டும் என்பது மரபு. எல்லோரும் ஒரே நேரத்தில் தமக்குள் முணுமுணுப்பதாக அதை முடித்துவிடாமல், ஒருவர் பின் ஒருவராக உரக்கப் படிக்கச் செய்யலாம். சிறியவரிலிருந்து தொடங்குவது நல்லது. பெரியவர்கள் முதலில் படித்துவிட்டால் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கும் நகரத்துப் பேரனுக்கு வாய் திறக்காது. அவன் தட்டுகிற இடத்தில் சொல்லை எடுத்துக் கொடுக்கலாம், ஆனால் உச்சரிப்பைத் திருத்தும் வேலையை அன்று யாரும் செய்ய வேண்டாம். உரக்கப் படிக்க அச்சுப் பக்கம் ஒன்றுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆகிறது என்பது என் கணக்கு; எட்டுப் பக்கத்துக்கு மேற்பட்ட எதையும் பகலில் தொடங்கக் கூடாது, ஏனென்றால் அதற்குள் யாராவது காபி கேட்பார்கள்.

அன்றைக்குப் பூந்தோட்டத்தை அடுத்த கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்குப் போவதாக இருந்தால், நோட்டும் பேனாவும் கையில் பிடித்த பிள்ளைகளின் வரிசையில் நெடுநேரம் நிற்க நேரும். அந்த நேரத்துக்கென்று சிறிய நூல் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளலாம். போகும் வழியில் உள்ள பாடல் பெற்ற தலங்களின் பதிகங்களை எடுத்துச் செல்வது இன்னும் பொருத்தம். தேவாரத் தலங்களில் பாதிக்கும் மேல் காவிரியின் இரு கரைகளிலும் இருப்பதால், டெல்டாவில் எந்தச் சாலையில் போனாலும் அந்த ஊரைப் பாடிய பத்துப் பதினொரு பாட்டு கிடைத்துவிடும். இவை மதுரைத் திட்டம் போன்ற இணைய நூலகங்களில் விலையின்றிக் கிடைக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய அந்தத் திட்டத்திலிருந்து வேண்டியதை ஊருக்குப் புறப்படும் முன்பே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். மழை வந்தால் எங்கள் பக்கத்தில் மின்சாரமும் சிக்னலும் ஒன்றாகவே போகும்.

புத்தகங்களை அலமாரியில் அடுக்கி வைத்தால் யாரும் எடுக்கமாட்டார்கள். ஊஞ்சல் பலகையில் இரண்டு, திண்ணைத் தூணின் ஓரம் ஒன்று, பாட்டியின் கட்டிலருகே பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒன்று என்று ஆள் உட்காரும் இடங்களில் கிடக்க வேண்டும். பிள்ளைகள் கூடத்தில் விளையாடும்போது மிதிபடும் என்ற அச்சத்தால் உயரத்தில் ஏற்றி வைக்காதீர்கள். மிதித்தவன் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான், அந்தச் சாக்கில் தலைப்பையும் பார்த்துவிடுவான்.

எல்லோரும் கிளம்பிப் போன மறுநாள், வீட்டைப் பெருக்குவதற்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி எல்லாப் புத்தகங்களையும் எடுக்க வேண்டும். உள்ளே செருகியிருக்கும் பேருந்துச் சீட்டையும் சுண்டல் பொட்டலத் தாளையும் உருவிவிடக் கூடாது. எண்ணெய்த் தாளாக இருந்தால் மட்டும் அதே பக்கத்தில் வேறு துண்டுத் தாளை மாற்றி வைக்கலாம். ஊருக்கு எடுத்துச் சென்றவற்றை ஒரு நோட்டில் பெயரோடு எழுதிக்கொண்டு, பாதியில் நிற்பவற்றைப் பரணுக்கு ஏற்றாமல் கீழ்த்தட்டிலேயே வைத்திருக்க வேண்டும். இன்னும் இருபது நாளுக்குள் தீபாவளி. அதே ஆட்கள் வருவார்கள், அந்தப் பக்கத்தைத் தேடுவார்கள்.