பழைய மாருதி 800-இல் ஹீட்டர் சூடாகவில்லையா? டேஷ்போர்டைக் கழற்றும் முன் இதைப் பாருங்கள்

ஊட்டியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் காருக்கு ஹீட்டர் மிகவும் அவசியம். உறைபனி விழும் விடிகாலைகளில் மூச்சுக்காற்றே முன்கண்ணாடியில் புகையாகப் படியும். ஒரு கையால் அதைத் துடைத்துக்கொண்டு குன்னூர்ச் சாலையின் வளைவுகளில் ஓட்டுவது உயிரோடு விளையாடுவதுதான். கோவையிலிருந்து 1998ஆம் ஆண்டு மாருதி 800 ஒன்றை வாங்கி வந்த முதல் குளிர்காலத்தில் நான் அப்படித்தான் ஓட்டினேன். கேட்டவர்கள் எல்லாம் ஹீட்டர் கோர் (இன்ஜினின் சூடான தண்ணீர் ஓடி, காருக்குள் வரும் காற்றைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டர்) அடைத்துவிட்டது, டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும் என்றார்கள். ஒரு திருகைக்கூட அங்கே தொடாமல் சரியாகிவிட்டது.

முதலில் குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்க் கலவை) ரேடியேட்டரின் கழுத்துவரை இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து டப்பாவில் இருக்கும் அளவை நம்பாதீர்கள்; டப்பா நிறைந்திருக்கும்போதே ரேடியேட்டர் குறைந்திருப்பது உண்டு. சூடான இன்ஜினில் அந்த மூடியில் கை வைக்கவே கூடாது.

நிரப்பி மூடிய பிறகு, ஹீட்டர் நெம்புகோலை முழுச் சூட்டில் வைத்து, பதினைந்து நிமிடம் இன்ஜினை ஓடவிடுங்கள். இன்ஜினிலிருந்து தடுப்புச் சுவர் வழியாகக் காருக்குள் போகும் இரண்டு ரப்பர் ஹோஸ்களையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் நன்றாகச் சுட்டால் தண்ணீரில் குறையில்லை. ஊதுவிசிறியையோ காற்றுக் கதவையோ பார்க்க வேண்டும். ஒன்று சுட்டு மற்றொன்று குளிர்ந்திருந்தால், ஹீட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வு திறக்கவில்லை, அல்லது கோர் அடைத்திருக்கிறது, அல்லது உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. நெம்புகோலை நகர்த்தும்போது வால்வின் கைப்பிடியும் நகர்கிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டையும் இணைக்கும் கம்பி கழன்றிருந்தால், அதை மாட்டியதும் வேலை அங்கேயே முடிந்தது.

என் வண்டியில் இரண்டு ஹோஸ்களும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தன. வெப்பமானி முள்ளும் கால்பங்கைத் தாண்டவில்லை. ரேடியேட்டரின் மேல் ஹோஸ் இன்ஜினோடு சேரும் இடத்திலுள்ள மூடியைக் கழற்றினால், உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை! இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் சிறு கதவு அது.

சமவெளியில் பல மெக்கானிக்குகளுக்கு இதைக் கழற்றிவிடுவது பழக்கம். இன்ஜின் சூடேறினால் உடனே தெர்மோஸ்டாட்டை எடுத்து எறிந்துவிடுவார்கள். எனக்கு இதில் கடும் கோபம் உண்டு. அது இல்லாவிட்டால் தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டருக்குள் ஓடி ஆறிக்கொண்டே இருக்கும். குளிரூரில் இன்ஜின் சூடேறவே சூடேறாது, பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். ஹீட்டருக்கெனத் தனி நெருப்பு இல்லை. இன்ஜினின் சூட்டைத்தான் அது கடன் வாங்குகிறது.

82 என்று முத்திரை குத்திய (82 டிகிரியில் திறக்கத் தொடங்கும்) தெர்மோஸ்டாட் ஒன்றும், இணைப்பு கசியாமல் அடைக்கும் புதிய கேஸ்கெட்டும் வாங்கினேன். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது பொறுமை வேண்டும். அலுமினியத்தில் கீறல் விழுந்தால் கசியும். ஸ்பிரிங் உள்ள பக்கம் இன்ஜினை நோக்க வேண்டும். விளிம்பில் ஆடும் சின்ன ஊசி மேலே இருக்கட்டும். காற்று வெளியேறும் வழி அது. சிலிக்கான் பசையை அப்பாதீர்கள், நல்ல கேஸ்கெட் போதும். ஸ்பானர் என்றால் ரிங் ஸ்பானர்தான். திருகிச் சரிசெய்யும் ஸ்பானரை இந்தப் பழைய போல்ட்டுகளின் பக்கமே கொண்டுபோகாதீர்கள், தலை மழுங்கிவிடும்.

இனி வருவதுதான் என்னை இரண்டு நாள் அலைக்கழித்த கட்டம். எல்லாம் பூட்டி, கூலன்ட் ஊற்றி ஓட்டினேன். முள் நடுவுக்கு வந்தது. ஹீட்டரிலோ மறுபடியும் குளிர்காற்று! டேஷ்போர்டுக்குப் பின்னால் களகளவென்று தண்ணீர் உருளும் ஓசை. கோருக்குள் காற்று அடைபட்டிருந்தது. என் வீட்டு வாசல் சரிவு. வண்டி கீழ்நோக்கி நின்றதால் ரேடியேட்டர் தாழ்ந்து, கோர் உயரத்தில் இருந்தது. காற்று எப்படி வெளியேறும்? போதாதற்கு நெம்புகோலைக் குளிர்ப் பக்கம் வைத்தே நிரப்பியிருந்தேன். மூடிய வால்வுக்குள் தண்ணீர் நுழையவே இல்லை.

ஆகவே முகப்பு மேட்டை நோக்கி இருக்குமாறு வண்டியை நிறுத்துங்கள். கைப்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். நெம்புகோல் முழுச் சூட்டில் இருக்க வேண்டும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, மெதுவாக ஊற்றி, ஐடிலில் ஓடவிடுங்கள். தடித்த கையுறை அணிந்து மேல் ஹோஸை இடைவெளி விட்டு அமுக்கி அமுக்கி விடுங்கள். குமிழிகள் வரும், மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றுங்கள். குமிழிகள் நின்று உள்ளே சூடான காற்று வந்ததும் மூடிவிடலாம். முகத்தை ரேடியேட்டர் கழுத்துக்கு நேரே நீட்டாதீர்கள். எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று.

இதற்குப் பிறகும் ஒரு ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் கோர் அடைப்புதான். இரண்டு ஹோஸ்களையும் கழற்றி, தண்ணீர் வெளிவரும் பக்கத்திலிருந்து தோட்டக் குழாயால் மெல்லப் பாய்ச்சுங்கள். துருநிறம் தெளியும்வரை விடுங்கள். கம்ப்ரசர் காற்று வேண்டாம். பழைய கோர் பிளந்துவிடும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஊட்டிக்காரர் ஒருவர், 88 முத்திரையுள்ள புதிய தெர்மோஸ்டாட்டைக் கொதிநீரில் போட்டும் அது சிறிதளவே திறந்தது, பழுதா என்று கேட்டார். பழுதில்லை. 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். முழுதாகத் திறக்கத் தேவையான சூடு பாத்திரத்தில் கிடைக்காது. திறக்கத் தொடங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். காரிலோ ரேடியேட்டரின் அழுத்த மூடி கொதிநிலையை உயர்த்துவதால் அந்தச் சிக்கல் இல்லை.

இன்னொருவருக்குப் பயணி பக்கத் தரைவிரிப்பு நனைந்து, கண்ணாடியில் இனிப்பு வாடையுடன் பிசுபிசுப்பு படிந்திருக்கிறது. அது கோரின் கசிவு. அவர் டேஷ்போர்டைக் கழற்றத்தான் வேண்டும்.

வடித்த கூலன்ட்டைச் சாக்கடையில் விடாமல் மூடியுள்ள கேனில் பிடித்து வையுங்கள். அதன் இனிப்புக்கு நாய்கள் நக்கிவிடும். கொஞ்சம் குடித்தாலும் சிறுநீரகம் போய்விடும். எங்கள் தெருவில் ஐந்தாறு நாய்கள் இருக்கின்றன. தரையில் சிந்திய இடத்தையும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போனேன்.