பந்தை விட்டுவிடுங்கள்: ஓ-லைனைப் பார்க்கப் பழகுவது எப்படி

என் மகன் எட்டாம் வகுப்பில் பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் சேர்ந்தபோது, கோச் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "லெஃப்ட் கார்டு" என்றார். அது என்ன இடம் என்றே எனக்குத் தெரியாது. முதல் ஆட்டம் முழுவதையும் போனில் வீடியோ எடுத்தேன். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பலாம் என்று ராத்திரி ஓட்டிப் பார்த்தால், நாற்பது நிமிட வீடியோவில் பையன் மொத்தமாகப் பத்து நொடிகூட இல்லை. பந்து போன பக்கமெல்லாம் என் போனும் போயிருக்கிறது. அவனோ பந்து இல்லாத இடத்தில் யாரோடோ மல்லுக்கட்டிக்கொண்டு இருந்திருக்கிறான்.

நாங்கள் இருப்பது ஃபிலடெல்பியாவுக்கு மேற்கே எக்ஸ்டனில். எங்கள் தெருக்கோடியில் ஓய்வுபெற்ற பள்ளிக் கோச் ஒருவர் இருக்கிறார். வீடியோ கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "பந்து எங்கே போச்சுன்னு டிவிக்காரன் மூணு தடவை திருப்பிக் காட்டுவான். நீ அந்த அஞ்சு பேரைப் பாரு" என்றார். நான்கு சீசனாக அப்படித்தான் பார்த்து வருகிறேன்.

ஓ-லைன், அதாவது ஆஃபென்சிவ் லைன், பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுக்கும் அந்த ஐந்து பேர், பலமாக இல்லாமல் ஒரு அணி ஜெயிக்க முடியுமா? ஒவ்வொரு ஆகஸ்டிலும் எங்கள் நண்பர்களின் வாட்ஸப் குழுவில் இந்தச் சண்டை வரும். வாயால் அடித்துக்கொள்வதைவிட, சோபாவில் உட்கார்ந்தபடி நீங்களே கணக்கெடுக்கலாம். அதற்கு நான் கற்றுக்கொண்ட வழி இது.

முதலில் ஆட்களை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். பதினொரு பேரில் நடுவில் பந்தின் மேல் குனிந்து நிற்பவர் சென்டர். அவருக்கு இருபுறமும் கார்டுகள், அவர்களுக்கு வெளியே டேக்கிள்கள். சட்டையில் எண் 50-லிருந்து 79-க்குள் இருக்கும். நடுவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தால் ஒழிய, இவர்கள் பாஸ், அதாவது முன்னால் எறியும் பந்து, பிடிக்கக் கூடாது. தொழில்முறை ஆட்டத்தில், பாஸ் கையை விட்டுப் போகும்வரை பந்து வைத்திருந்த கோட்டுக்கு அப்பால் ஒரு யார்டுக்கு மேல் முன்னேறவும் கூடாது. ஸ்கோர் அட்டையில் இவர்களுக்கென்று ஒரு வரி கிடையாது. ஒலிபெருக்கியில் இவர்கள் எண் கேட்டால் அது பெரும்பாலும் எதிராளியைக் கையால் பிடித்துவைத்த ஹோல்டிங் பெனால்டிக்குத்தான், பத்து யார்டு பின்னால். "அடி வாங்குறதுக்கா இவ்வளவு காசு கட்டுறோம்?" என்று என் மனைவி கேட்டதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

முதல் காலடி

சென்டர் பந்தைப் பின்னால் கொடுக்கும் நொடிக்கு ஸ்னாப் என்று பெயர். அந்த நொடியில் ஐவரின் முதல் காலடியை மட்டும் பாருங்கள். பின்னால் வைத்தால் பாஸ். முன்னால் பாய்ந்தால் ரன், அதாவது பந்தோடு ஓடுவது. ஒரு கார்டு மட்டும் வரிசையை விட்டுப் பக்கவாட்டில் ஓடினால், கண்ணை மூடிக்கொண்டு அவர் பின்னாலேயே போங்கள், பந்து பெரும்பாலும் அங்கேதான் வரும். ரன் மாதிரி காட்டிவிட்டுப் பாஸ் போடும் பிளே-ஆக்‌ஷனில் மட்டும் ஏமாறுவீர்கள். எதிரணியில் இரண்டாம் வரிசையில் நிற்கும் லைன்பேக்கர்களே அதில் ஏமாறுகிறார்கள், நாம் ஏமாந்தால் என்ன.

ஆட்டத்தின் கால் பகுதி நேரம் இதை மட்டும் செய்தால் போதும். பத்து ப்ளே போனதும், பந்தை யார் வைத்திருக்கிறார் என்பது தெரிவதற்கு முன்பே ப்ளே என்ன என்று சொல்லிவிடுவீர்கள். முதல் தடவை நான் அப்படிச் சொன்னபோது மகன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காகவே இதைக் கற்றுக்கொள்ளலாம்.

பள்ளி மைதானத்துக்கு நேரில் போகிறவர்கள் நடுக்கோட்டுக்கு எதிரே இடம் பிடிக்காதீர்கள். அங்கிருந்து பார்த்தால் ஐந்து பேரும் ஒரே குவியலாகத் தெரிவார்கள். மைதானத்தின் கடைக்கோடியில் இருக்கும் எண்ட் ஸோனுக்குப் பின்னால், மூலையில் நில்லுங்கள். குளிரில் பிளாஸ்கில் காபி எடுத்துக்கொண்டு தனியாக நிற்க வேண்டியிருக்கும், பரவாயில்லை. கோச்சுகள் லைனை ஆராயும் படமும் அந்தப் பக்கத்திலிருந்து எடுத்ததுதான்.

எண்ணிக்கை

பாஸ் ப்ளே என்று தெரிந்ததும் வாய்விட்டு எண்ணுங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று. பந்தை வாங்கி எறியும் குவார்ட்டர்பேக் சாதாரணமாக இரண்டரை நொடியை ஒட்டிப் பந்தை விட்டுவிடுவார். மூன்று சொல்வதற்குள் அவர் கால் நின்ற இடத்தை விட்டு நகர்ந்தால், ஒரு தாளில் கோடு போடுங்கள். பந்தோடு சேர்த்து அவரை வீழ்த்தினால்தான் (அதற்கு சாக் என்று பெயர்) கோடு என்றில்லை. ஓட வைத்தாலும், குனிய வைத்தாலும், அவசரமாக எறிய வைத்தாலும் கோடுதான்.

அவசரப்பட்டு லைனைத் திட்டாமல் இருக்கவும் இதே எண்ணிக்கை உதவும். நான்கு, ஐந்து என்று எண்ணிய பிறகு விழும் சாக் குவார்ட்டர்பேக்கின் கணக்கு, அல்லது யாருமே காலியாக இல்லாதபடி மறித்த எதிரணியின் கணக்கு. பாய்ந்து வந்தவர்களையும் எண்ணுங்கள். ஆறு பேர் பிளிட்ஸாக, அதாவது வழக்கத்தைவிட அதிகம் பேராகப் பாய்ந்து வந்து, ஒருவர் நுழைந்தால் அது ஐவரின் குற்றமில்லை. நான்கே பேர் வந்து, ஐந்து பேரால் தடுக்க முடியவில்லை என்றால் அந்தக் கோட்டை இரண்டு தடவை அழுத்திப் போடுங்கள்.

சாக் எண்ணிக்கையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2021 பிப்ரவரி சூப்பர் பவுல், அதாவது தொழில்முறை லீக்கின் இறுதி ஆட்டம்தான் என் பாடம். கான்சஸ் சிட்டி சீஃப்ஸின் இரண்டு டேக்கிள்களும், எரிக் ஃபிஷரும் மிட்செல் ஷ்வார்ட்ஸும், காயத்தால் வெளியே. எதிரணியான டாம்பா பே பெரும்பாலும் நான்கு பேரை மட்டுமே அனுப்பியது. நேரலையில் பார்த்தபோது, சீஃப்ஸின் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மகோம்ஸுக்கு இன்று நாள் சரியில்லை என்றுதான் நினைத்தேன், ஏனென்றால் சாக் வெறும் மூன்று. தெருக்கோடி கோச் சொன்ன பிறகு அதே ஆட்டத்தை மறுபடி போட்டு எண்ணினேன். பாதிக்கு மேல் எண்ணவே முடியவில்லை, இரண்டு சொல்லும்போதே மனிதர் ஓடிக்கொண்டிருந்தார். 29 தடவை நெருக்கடி. எறிவதற்கும் விழுவதற்கும் முன்னால் கோட்டுக்குப் பின்னாலேயே அவர் ஓடிய தூரம் 497 யார்டு. ஒரு டச்டவுன்கூட இல்லாமல் 31–9 என்று தோற்றார்கள்.

அப்புறம் அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். குவார்ட்டர்பேக்கை ஒன்றும் சொல்லவில்லை, லைனைப் பிரித்துப் புதிதாகக் கட்டினார்கள். ஆர்லாண்டோ பிரவுனை வேறு அணியிலிருந்து வாங்கினார்கள். ஜோ தூனியைப் பெரிய ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். கிரீட் ஹம்ஃப்ரியையும் ட்ரே ஸ்மித்தையும் டிராஃப்டில், அதாவது அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில், பிடித்தார்கள், ஸ்மித் ஆறாவது சுற்று வரை யாரும் தொடாமல் விட்ட ஆள். இரண்டு ஆண்டு கழித்து, 2023 சூப்பர் பவுலில் எங்கள் ஃபிலடெல்பியா ஈகிள்ஸ் எதிரே வந்தது. அந்த சீசனில் ஈகிள்ஸ் போட்ட சாக் 70. அன்று போட்டது பூஜ்ஜியம். 38–35 என்று தோற்றோம். புல் வழுக்கியது என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வழுக்கியது உண்மைதான், ஆனால் என் தாளில் கோடுகள் குறைவு.

எந்த ஆள் ஒழுகுகிறார்

இரண்டாவது பாதியில் எண்ணுவதை விட்டுவிட்டு, கோடு விழும்போதெல்லாம் ஐவரில் யார் பக்கமாக ஒழுகியது என்று மட்டும் குறியுங்கள். மழைக்காலத்தில் கூரையில் எந்த ஓடு உடைந்திருக்கிறது என்று தேடுவது போலத்தான். நான்கு பேர் அருமையாக ஆடி ஒருவர் சறுக்கினால் எதிரணிக்கு அது போதும், தங்கள் சிறந்த ஆளை அந்த ஒருவருக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள்.

இதனால்தான் ஒரே ஒரு மகா டேக்கிளை வைத்துக்கொண்டு ஜெயிக்க முடிவதில்லை. கிளீவ்லாண்ட் பிரவுன்ஸின் ஜோ தாமஸ் 2007-லிருந்து 2017 வரை தொடர்ச்சியாக 10,363 ஸ்னாப், ஒன்றைக்கூட விடாமல் ஆடினார். பத்து முறை நட்சத்திர ஆட்டமான ப்ரோ பவுல், 2023-ல் ஹால் ஆஃப் ஃபேம். ஆனால் ஒரு பிளே-ஆஃப் ஆட்டம்கூட அவர் ஆடியதில்லை.

ஓரத்து ஆளுக்குப் பக்கத்து ஆளின் உதவி கிடைக்கிறதா என்றும் பாருங்கள். எதிராளியை ஒருவர் அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, புதிதாக வருபவனை வாங்கிக்கொள்வதுதான் லைனில் கடினமான வேலை. ஐவரும் வாரக்கணக்கில் சேர்ந்து ஆடினால்தான் அது படியும். என் மகன் சென்டரோடு பள்ளி வேனில்கூட ஒன்றாகத்தான் உட்காருவான். வீட்டில் எங்களிடம் பேசுவதைவிட அவனிடம் பேசுவதுதான் அதிகம்.

ரன்னில் பார்க்க வேண்டியது

ரன் ப்ளேயில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பந்தோடு ஓடுபவரை எதிரணிக்காரன் முதலில் தொடுவது எங்கே? கோட்டுக்குப் பின்னாலா, நான்கு யார்டு தாண்டியா?

பந்தோடு ஓடும் சாக்வான் பார்க்லியின் கதை இதைச் சொல்லிவிடும். 2023-ல் நியூயார்க் ஜயன்ட்ஸில் 962 யார்டு, ஒரு ஓட்டத்துக்குச் சராசரி 3.9. அடுத்த ஆண்டு தொண்ணூறு மைல் தெற்கே வந்து ஈகிள்ஸ் சட்டை போட்டார்: 2,005 யார்டு, சராசரி 5.8. ஒரே வருடத்தில் கால் மாறிவிடுமா? முன்னால் நின்றவர்கள்தான் மாறினார்கள். இடது டேக்கிள் ஜோர்டன் மைலாட்டா ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடிக்கொண்டிருந்தவர். 2018 டிராஃப்டில் ஏழாவது சுற்றில் எடுக்கும்வரை இந்த ஆட்டத்தில் ஒரு மேட்ச்கூட ஆடியதில்லை. பார்க்லி வருவதற்கு முந்தைய சீசன்வரை சென்டராக இருந்த ஜேசன் கெல்சியும் ஆறாவது சுற்றுதான். இவர்களைச் செதுக்கியவர் லைன் கோச் ஜெஃப் ஸ்டவுட்லாண்ட். அந்த சீசன் முடிவில் 2025 சூப்பர் பவுலில் சீஃப்ஸை 40–22 என்று அடித்தோம். அன்று எங்கள் ஆட்கள் பிளிட்ஸே அனுப்பவில்லை, ஆனாலும் மகோம்ஸ் ஆறு முறை விழுந்தார். கார்டான தூனியை டேக்கிளாக நிறுத்த வேண்டிய நிலையில் இருந்தது சீஃப்ஸ். மறுபடியும் ஓரத்தில்தான் ஓடு உடைந்தது.

ஒரு யார்டு மட்டும் தேவைப்படும் ப்ளேக்களைத் தனியாகக் குறியுங்கள். அங்கே ஏமாற்று வேலை குறைவு. ஈகிள்ஸின் தள்ளு ப்ளேயை, அதாவது குவார்ட்டர்பேக்கைப் பின்னாலிருந்து தள்ளி முன்னேற்றுவதை, தடை செய்ய 2025 மே மாதம் 22 அணிகள் வாக்களித்தன, 24 தேவைப்பட்டதால் தப்பித்தது. பின்னாலிருந்து தள்ளுவதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நீங்கள் சென்டரையும் இரண்டு கார்டுகளையும் பாருங்கள், எவ்வளவு தாழ்வாகப் போகிறார்கள் என்று.

சரி, லைன் இல்லாமல் ஜெயித்தவர்களே இல்லையா?

இருக்கிறார்கள். எங்கள் குழுவில் ஒரு சின்சினாட்டி ரசிகர் இதை மறக்க விடமாட்டார். 2022 ஜனவரியில் டென்னசிக்கு எதிராக அவர்கள் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ ஒன்பது முறை சாக் ஆனார், அப்படியும் 19–16 என்று ஜெயித்தார்கள். சூப்பர் பவுல் வரைக்கும் போனார்கள். அங்கே ஏழு சாக். கடைசியில் நான்காவது டவுன், அதாவது கடைசி வாய்ப்பு, தேவை ஒரே ஒரு யார்டு. எதிரணி ரேம்ஸின் ஆரன் டொனால்ட் தன் முன்னால் நின்றவரைத் தாண்டிவந்து பர்ரோவைப் பிடித்துச் சுழற்ற, பந்து வீணாகத் தரையில் விழுந்தது. ரேம்ஸ் 23–20.

டென்வர் பிரான்கோஸ் கோப்பையே வாங்கியது. 2016 சூப்பர் பவுலில் அவர்கள் குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங் ஐந்து முறை விழுந்தார், அவர்கள் ஆஃபென்ஸ் மொத்தமாக எடுத்தது 194 யார்டு, வென்ற அணிகளில் அதைவிடக் குறைவாக அதுவரை யாரும் எடுத்ததில்லை. ஆனாலும் 24–10. நண்பர் இதைச் சொன்னபோது நான் அந்த ஆட்டத்தையும் போட்டு எண்ணினேன். அன்று இரண்டு லைனும் உடைந்தன. எதிரணி கரோலைனாவின் லைன் அதிகமாக உடைந்தது, டென்வரின் வான் மில்லர் ஓரமாக வந்து இரண்டு முறை பந்தைத் தட்டிவிட்டார்.

என் கணக்கில் லைன் நாட்டிலேயே முதலாவதாக இருக்க வேண்டும் என்றில்லை. டல்லாஸ் 2016-ல் அருமையான லைனோடு 13–3 என்று முடித்துவிட்டு, முதல் பிளே-ஆஃபிலேயே 34–31 என்று வீட்டுக்குப் போனது. ஆனால் ஒழுகும் இடம் எது என்று எதிரணிக்குத் தெரிந்துவிட்டால், ஜனவரி வரை சமாளிக்கலாம், பிப்ரவரியில் மாட்டிக்கொள்வீர்கள். டென்வர் மாதிரி டிஃபென்ஸ் இருந்தால் தவிர.

பழக ஒரு ஆட்டம் வேண்டுமென்றால், 2021 சூப்பர் பவுலின் இரண்டாம் பாதியைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் போடுங்கள். மகோம்ஸைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நான் திரையில் போஸ்ட்-இட் ஒட்டிப் பார்த்தேன். ஓடிக்கொண்டே இருக்கிற ஆளை மறைக்க முடியாமல், அதைக் கழற்றிக் கழற்றி ஒட்ட வேண்டியிருந்தது.