பழைய கார் டிஃபரன்ஷியல் வேலை: கருவிகளில் செய்யக்கூடாத தவறுகள்

பழைய காரின் பின் ஆக்சிலையும், அதன் நடுவே இருந்து இன்ஜின் சுழற்சியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலையும் கழற்றிப் பிரித்துப் போடுவதற்குப் பெரிய திறமை எதுவும் வேண்டாம். ஒரு மதியமும் கொஞ்சம் கைவலுவும் இருந்தால் போதும். திரும்பச் சேர்த்து மாட்டி, ஆயில் ஊற்றி, ரோட்டில் எழுபது எண்பதில் போகும்போது பின்சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு ஊளைச் சத்தம் கிளம்புமே, அப்போதுதான் தெரியும் எந்தக் கருவியில் மிச்சம் பிடித்தோம் என்று.

இந்த வேலைக்கான கருவிகள் இரண்டு சாதி. இழுக்கிற, தள்ளுகிற, அழுத்துகிற சாமான்கள் ஒன்று: புல்லர், பிரஸ், ஸ்லைடு ஹேமர் மாதிரி. இன்னொன்று அளக்கிற சாமான்கள்: மிகச் சின்ன அசைவையும் காட்டும் டயல் கேஜ், மைக்ரோமீட்டர், சின்னத் திருகு விசையைக் காட்டும் டார்க் ரெஞ்ச், பினியன் (சுழற்சியை உள்ளே கொண்டுவரும் சின்னப் பற்சக்கரம்) எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று பார்க்கும் கேஜ். காசு எல்லாம் முதல் வகைக்கே போகிறது, ஏனென்றால் அது இல்லாவிட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும். இரண்டாவது வகை இல்லாவிட்டாலும் வேலை நடக்கும், எல்லாம் மாட்டிக்கொள்ளும், சுற்றவும் செய்யும். வம்பே அதில்தான்.

முதல் தவறு ஸ்பானரை எடுப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. பிரிக்கும் முன் பழைய பேக்லாஷையும் (பற்களுக்கு நடுவே இருக்கும் சின்ன இடைவெளி) பற்களின் தொடுதடத்தையும் (பல்லும் பல்லும் உரசும் இடம்) பார்த்துக் குறித்து வைப்பதில்லை. கிரவுன் வீலும் (பினியன் சுழற்றும் பெரிய பற்சக்கரம்) பினியனும் பழையவையே திரும்பப் போகப்போகின்றன, பேரிங் மட்டும்தான் புதிது என்றால், அந்தப் பற்கள் இத்தனை வருஷம் எந்த இடத்தில் உரசிப் பழகினவோ அதே இடத்துக்கு அவற்றைத் திரும்பக் கொண்டுபோவதுதான் வேலையே. புத்தகத்தில் இருக்கும் எண் புதுப் பற்களுக்கானது. அப்புறம் சைடு பேரிங் கேப்புகள், டிஃபரன்ஷியலின் இரு பக்கப் பேரிங்குகளையும் ஹவுசிங்கில் (வெளிக்கூட்டில்) பிடித்து வைக்கும் மூடிகள். அவை ஹவுசிங்கோடு சேர்த்தே துளை கடையப்பட்டவை, இடதுக்கு வலது போட்டாலும் தலைகீழாகப் போட்டாலும் துளை வட்டமாக இருக்காது. ஒரு சென்டர் பஞ்சும் சுத்தியலும் போதும்: இடது கேப்பிலும் அதை ஒட்டிய ஹவுசிங்கிலும் ஒரு புள்ளி, வலதில் இரண்டு. பெயின்ட் மார்க்கரில் போட்ட அடையாளம் கழுவும்போதே போய்விடும்.

உங்கள் ஆக்சில் எந்த வகை என்று தெரியாமல் கருவி வாங்குவது அடுத்தது. ஃபோர்டு 9 அங்குல ஆக்சில் போல நடுப்பகுதியை முழுசாக வெளியே எடுத்து பெஞ்சில் வைத்து வேலை செய்யும் வகை உண்டு. ஆரம்பகால எம்ஜிபி காரின் பான்ஜோ ஆக்சிலும் அப்படித்தான். டானா, சால்ஸ்பரி மாதிரியான ஆக்சில்களில் டிஃபரன்ஷியல் ஆக்சில் ஹவுசிங்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், காருக்கு அடியில் படுத்துத்தான் வேலை. இந்த இரண்டாவது வகையில் சைடு பேரிங்குகள் இறுக்கமாக அழுத்தி உட்கார வைக்கப்பட்டிருப்பதால், பல மாடல்களில் ஹவுசிங்கையே கொஞ்சம் விரிக்கும் ஸ்ப்ரெடர் கேட்கும். ஸ்ப்ரெடர் கிடைத்தவுடன் திருகிக்கொண்டே போகிறார்கள். பல டானா ஆக்சில்களுக்கு உச்ச வரம்பு 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர்தான். அதைத் தாண்டினால் ஹவுசிங் பழைய நிலைக்குத் திரும்பாது. அதனால் விரிக்கும்போதே குறுக்கே ஒரு டயல் கேஜை நிறுத்தி வைத்துக்கொண்டு விரிக்க வேண்டும். ஸ்ப்ரெடருக்குப் பதில் இரண்டு கடப்பாரையை விட்டு நெம்புகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை.

புல்லர் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறேன். டிரையம்ப் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் போன்ற கார்களில் பின் ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி), ஷாஃப்டின் கூம்பு முனையில் ஏறி உட்கார்ந்திருக்கும். பல வருஷம் அசையாமல் இருந்தால் இரண்டும் ஒன்றாகப் பற்றிக்கொள்ளும். இரண்டு கால் புல்லரை மாட்டி ஹப்பின் விளிம்பை இழுத்தால் விளிம்புதான் வளையும், ஹப் வராது. வீல் ஸ்டட்களைப் பிடித்து இழுக்கும் கனமான ஹப் புல்லர் வேண்டும், திருகி இறுக்கிவிட்டு நடு போல்ட்டின் தலையில் ஒரு அடி. இந்த நேரத்தில் ஆக்சில் நட்டை முழுசாகக் கழற்றியிருக்கக் கூடாது, சில மரை விட்டு ஷாஃப்டிலேயே இருக்கட்டும். விடுபடும்போது ஹப் துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும், அதைத் தடுக்க அந்த நட்டைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

பினியனின் உள் பேரிங்கைக் கழற்றவும் சாதாரண புல்லர் உதவாது. பேரிங்குக்கும் பினியன் தலைக்கும் நடுவே கால் நுழைய இடமே இருக்காது, ரோலர்களை வைத்திருக்கும் கூண்டைப் பிடித்து இழுத்துவிட்டு, கூண்டு கையோடு வர உள் வளையம் ஷாஃப்டிலேயே நிற்கும். இரண்டு பாதியாகப் பிரிந்து பேரிங்குக்கு அடியில் கத்தி போல நுழையும் செப்பரேட்டரும் ஒரு பிரஸ்ஸும்தான் வழி. மாட்டும்போது பேரிங்கைச் சூடாக்கலாம், ஆனால் 120 டிகிரி செல்சியஸுக்குள் நிற்க வேண்டும், டார்ச் கூடவே கூடாது. ஹவுசிங்குக்குள் வெளி வளையத்தை அடித்து உட்கார வைக்க டிரைவர் செட் இல்லையென்றால், பழைய வளையத்தின் வெளிச்சுற்றைக் கொஞ்சம் கிரைண்ட் செய்து, குறுக்கே ஒரு வெட்டுப் போட்டால் அதுவே நல்ல டிரைவர். வெட்டு போடாமல் அடித்தால் இரண்டும் உள்ளே சிக்கிக்கொள்ளும்.

சரி, இனி அளவுக்கு வருவோம், ஊளை பிறக்கிற இடம் இது.

பினியன் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதை ஷிம் என்ற மெல்லிய உலோக வளையம்தான் தீர்மானிக்கிறது. பேரிங் மாற்றியதும் பழைய ஷிம்மையே போட்டு முடித்துவிடுவது வழக்கம். புதுப் பேரிங்கின் உயரம் பழையதோடு ஒத்துப்போனால் தப்பிக்கலாம். ஒத்துப்போகிறதா என்று யாரும் அளப்பதில்லை. புது கிரவுன் பினியன் செட் என்றால் பினியன் தலையில் +2, -3 என்பது போல ஒரு எண் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த பினியன் நிர்ணய நிலையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதை அது சொல்கிறது, அமெரிக்க செட்களில் பெரும்பாலும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில். இந்த பினியன் எந்த கிரவுன் வீலுக்கு ஜோடி என்று காட்டும் எண்ணும் பக்கத்திலேயே இருக்கும், இரண்டையும் குழப்பிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ப்ளஸ் என்றால் ஷிம்மைக் கூட்டுவதா குறைப்பதா என்பது ஷிம் எங்கே உட்காருகிறது என்பதைப் பொறுத்தது. உள் பேரிங்குக்கும் பினியன் தலைக்கும் நடுவே ஷிம் இருக்கும் ஆக்சிலில் தடிமனான ஷிம் பினியனை கிரவுன் வீலை நோக்கித் தள்ளும். ஃபோர்டு 9 அங்குலத்தில் ஷிம் பினியன் சப்போர்ட்டுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே இருப்பதால் தடிமனானது அதை விலக்கும். ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் தவறு செய்யும்.

ஷிம்மை அளக்க வெர்னியர் காலிப்பர் போதாது. ஷிம்கள் 0.05 மில்லிமீட்டர், அதற்கும் குறைவான படிகளில் மாறுகின்றன, காலிப்பரின் பிழையே அதில் பாதி இருக்கும். மைக்ரோமீட்டர் வேண்டும், ஒவ்வொன்றையும் துடைத்து, அடுக்காகவும் ஒருமுறை அளக்க வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் பேரிங்கைப் பிரஸ்ஸில் ஏற்றி இறக்கினால் பேரிங்கே பாழாகிவிடும் என்பதால், உள் துளையைச் சற்றுப் பெரிதாக்கி கையாலேயே ஏறி இறங்கும் டம்மி பேரிங் ஒன்றை வைத்துக்கொள்வார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் டம்மியின் உயரத்தையும் கடைசியில் போடப்போகும் பேரிங்கின் உயரத்தையும் ஒப்பிட்டு வித்தியாசத்தைக் கழித்தோ கூட்டியோ வைக்காவிட்டால், டம்மியில் அருமையாக வந்தது அசலில் வராது.

அடுத்தது பினியன் பேரிங் பிரீலோட், அதாவது பேரிங்கை முன்கூட்டியே எவ்வளவு இறுக்கி வைப்பது என்பது. இதில் நானே சூடு போட்டுக்கொண்டேன். பல ஆக்சில்களில் இரண்டு பினியன் பேரிங்குகளுக்கு நடுவே கிரஷ் ஸ்லீவ் என்று ஒரு குழாய் இருக்கும், நட்டை இறுக்க இறுக்க அது நசுங்கி பேரிங்கின் இறுக்கத்தைத் தீர்மானிக்கும். நசுங்கத் தொடங்க 270 நியூட்டன் மீட்டருக்கு மேலும் கேட்கும். தொடங்கிவிட்டால் நட்டின் ஒரு சின்ன அசைவிலேயே அளவு எகிறிவிடும். நான் பொறுமையில்லாமல் இம்பாக்ட் கன்னை எடுத்தேன், இரண்டு நொடி, முடிந்தது. பினியன் கல் மாதிரி நின்றது. நட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தால் சரியாகிவிட்டது போலவே இருந்தது, அப்படியே விட்டும்விட்டேன். நசுங்கிய ஸ்லீவ் திரும்ப நீளாது, தளர்த்திய நட்டுக்குப் பிடிப்பும் இருக்காது. சில நூறு கிலோமீட்டரில் பினியன் ஆடத் தொடங்கி எல்லாவற்றையும் மறுபடி பிரித்தேன். எல்லை தாண்டினால் புது ஸ்லீவ்தான், இரண்டு மூன்று ஸ்லீவ் கையிருப்பில் வைத்துக்கொண்டே உட்காருங்கள். பினியன் முனையில் இருக்கும் ஃபிளாஞ்ச்சில் (புரொப்பெல்லர் ஷாஃப்ட் மாட்டும் தட்டு) போல்ட் போட்டுப் பிடிக்கும் நீளமான இரும்புப் பட்டையும் ஒரு மீட்டர் நீள பிரேக்கர் பாரும் இருந்தால் கன்னே தேவையில்லை. ஃபிளாஞ்ச்சைப் பைப் ரெஞ்ச்சால் பிடிப்பதும், பற்களுக்கு நடுவே எதையாவது சொருகி நிறுத்துவதும் வேண்டாம்.

அந்த பிரீலோடை எதைக் கொண்டு அளக்கிறீர்கள்? வீல் நட் இறுக்கும் கிளிக் வகை டார்க் ரெஞ்ச் இங்கே உதவாது. உதாரணத்துக்கு ஃபோர்டு 8.8 அங்குல ஆக்சிலில் புதுப் பேரிங்குக்கு 16 முதல் 29 இஞ்ச் பவுண்டு, ஓடிய பேரிங்குக்கு 8 முதல் 14. அதாவது சுமார் 2 முதல் 3 நியூட்டன் மீட்டர், பழையதற்கு ஒன்று சொச்சம். ஊசியோ டயலோ உள்ள, சுற்றும்போதே அளவு காட்டும் ரெஞ்ச் வேண்டும். பேரிங்கில் ஆயில் விட்டு, கிரவுன் வீல் இல்லாமல், பினியனைப் பல சுற்று சுற்றிவிட்டு, நிதானமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது காட்டும் அளவை எடுக்க வேண்டும், அசையத் தொடங்கும் கணத்தில் காட்டுவதை அல்ல. இஞ்ச் பவுண்டை ஃபுட் பவுண்டாகப் படித்தால் பன்னிரண்டு மடங்கு, அதுவும் நடந்திருக்கிறது.

பேக்லாஷ் பார்க்க டயல் கேஜின் ஊசி பல்லின் வெளி முனையில், பல் நகரும் திசைக்கு நேராக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் எண் பொய். காந்த அடி உறுதியாகப் பற்றியிருக்கிறதா என்று விரலால் தட்டிப் பாருங்கள். ஒரே இடத்தில் அளந்துவிட்டுத் திருப்தியடையக் கூடாது, கிரவுன் வீலைச் சுற்றி நான்கு இடத்தில் எடுத்து, இடத்துக்கு இடம் பெரிதாக மாறினால் வீல் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, அடியில் ஒரு சின்னப் பிசிறு இருந்தாலே போதும். பல ஆக்சில்களில் 0.10 முதல் 0.20 மில்லிமீட்டருக்குள் கேட்பார்கள், உங்கள் மேனுவல் சொல்வதே கணக்கு.

கடைசிச் சாட்சி பற்களில் தடவும் மார்க்கிங் பேஸ்ட். பிரஷ்யன் நீலத்தைத் தடவுகிறார்கள், கறுத்த பல்லில் அது கண்ணுக்கே தெரியாது, மஞ்சளோ வெள்ளையோ நல்லது, மெல்லியதாக. கிரவுன் வீலுக்குக் கொஞ்சம் தடை கொடுத்துச் சுற்றினால்தான் தடம் உண்மையாக விழும், மரத்துண்டை அழுத்திப் பிடித்தாலே போதும். தடம் பல்லின் நுனிப்பக்கம் ஏறியிருந்தால் பினியன் விலகி நிற்கிறது, அடிப்பக்கம் இறங்கியிருந்தால் ரொம்ப உள்ளே போய்விட்டது. பேக்லாஷ் சரியாக இருக்கிறது, ஆகவே எல்லாம் சரி என்று நினைப்பதுதான் இங்கே பெரிய தவறு. தவறான ஆழத்திலும் பேக்லாஷைச் சரியான எண்ணுக்குக் கொண்டுவர முடியும், வண்டி அப்போதும் ஊளையிடும்.

சில்லறை விஷயங்கள் சில. ஜிஎம்மின் 10 போல்ட், 12 போல்ட் ஆக்சில்களில் கிரவுன் வீல் போல்ட்கள் இடதுமரை (வலப்பக்கம் திருகினால்தான் கழலும்), எதிர்த்திசையில் பலம் போட்டுத் தலையை முறிக்காதீர்கள். பழைய பிரிட்டிஷ் கார்களில் விட்வொர்த் ஸ்பானர் கேட்கும் இடத்தில் மெட்ரிக் ஸ்பானரை ஒப்பேற்றினால் முனை மழுங்கும். டிஃபரன்ஷியலில் இருக்கும் ஹைபாய்டு வகைப் பற்கள் ஒன்றோடொன்று வழுக்கிக்கொண்டே சுற்றுபவை, ஜிஎல்-5 தர கியர் ஆயில் கேட்கும் இடத்தில் ஜிஎல்-4 ஊற்றக் கூடாது.

பழைய கம்பெனிக் கருவிகளைத் தேடி வாங்குகிறவர்களுக்கு ஒன்று. பிரிட்டிஷ் கார்களுக்கு சர்ச்சில், ஜிஎம்முக்கு கென்ட்-மூர் செய்த கருவிகள் இப்போதும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. இவற்றில் பல, ஒரு பொது உடலும் மாடலுக்கு மாடல் மாறும் அடாப்டர்களுமாகச் செய்யப்பட்டவை. உடல் மட்டும் பளபளப்பாக இருக்கும், உங்கள் ஆக்சிலுக்கான அடாப்டர் பெட்டியில் இருக்காது. மேனுவலில் கருவி எண்ணுக்குப் பின்னால் இருக்கும் அடாப்டர் எண்ணையும் எழுதி எடுத்துக்கொண்டு போய், பெட்டியைத் திறந்து எண்ணைப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.