காபித்தூள், டார்ச், பஞ்சு: கபால நரம்புகள் பன்னிரண்டையும் பார்க்கப் பழகலாம்

நர்சிங், பிசியோதெரபி முதல் வருடம் படிக்கிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அக்கா, பன்னிரண்டு பேரையும் எப்படி ஞாபகம் வெச்சுக்கறது?" மூளையிலிருந்து நேராக வெளியே வரும் கபால நரம்புகளின் பெயர்களைத்தான் சொல்கிறார்கள். பெயரை மனப்பாடம் செய்துவிட்டு வார்டுக்குப் போனால் நோயாளி முன்னால் நின்றதும் எல்லாம் மறந்துபோகும். அதனால் பட்டியலை மூடி வையுங்கள். வீட்டில் அம்மாவையோ தங்கச்சியையோ எதிரே நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கில் தொடங்கி நாக்குவரை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள். நான்கு பேருக்குச் செய்து பார்த்தால் போதும், அப்புறம் மறக்காது.

மூளையை அடியிலிருந்து பார்த்தால் இந்த நரம்புகள் முன்னாலிருந்து பின்னால் வரிசையாக வெளியே வரும். எண் கொடுத்திருப்பதும் அந்த வரிசையில்தான். மொத்தம் 12 ஜோடி, இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று. கையும் காலும் மூளையின் எதிர்ப்பக்கத்திலிருந்து உத்தரவு வாங்கும், ஆனால் கபால நரம்பு வெளியே வந்தபிறகு அடிபட்டால் குறை அநேகமாக அதே பக்கத்தில்தான் தெரியும்.

எடுத்து வைக்க வேண்டியவை: ஃபில்டர் காபித்தூள் ஒரு ஸ்பூன், போன் டார்ச், கொஞ்சம் பஞ்சு, ஒரு செய்தித்தாள், சுத்தமான ஐஸ்கிரீம் குச்சி. காதுக்கு 512 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க் (தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் உலோகக் கவை) கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

முதல் படி, மூக்கு. கண்ணை மூடச் சொல்லி, ஒரு துவாரத்தை விரலால் அடைத்து, மற்றதன் கீழே காபித்தூளைக் காட்டுங்கள். பிறகு அடுத்த துவாரம். இது முதல் நரம்பு, ஆல்ஃபாக்டரி. கற்பூரமோ தலைவலித் தைலமோ வைத்துப் பார்க்காதீர்கள். அந்த எரிச்சலை ஐந்தாம் நரம்பு உணர்ந்துவிடும், வாசனை தெரியாதவரும் "தெரியுது" என்பார். ஹெல்மெட் இல்லாமல் பைக்கிலிருந்து விழுந்து பின்மண்டையில் அடிபட்டவர்களுக்கு மூக்கின் கூரையில் இருக்கும் மெல்லிய இழைகள் அறுந்து போகலாம். அவர்கள் வாசனை போய்விட்டது என்று சொல்வதைவிட "சாம்பார்ல ருசியே இல்லை" என்று சொல்வதுதான் அதிகம். எந்தக் குறையாக இருந்தாலும் சளி, ஜலதோஷம் இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

அடுத்து கண். இங்கே நான்கு நரம்புகள் சேர்ந்து வேலை செய்கின்றன, அவசரப்படாதீர்கள். செய்தித்தாளை ஒவ்வொரு கண்ணாகப் படிக்கச் சொல்லுங்கள், கண்ணாடி போடுபவர் போட்டுக்கொண்டே படிக்கலாம். பிறகு எதிரெதிரே உட்கார்ந்து, அவர் இடது கண்ணை மூடினால் நீங்கள் வலது கண்ணை மூடி, உங்கள் விரலை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்து, எப்போது தெரிகிறது என்று கேளுங்கள். இது இரண்டாம் நரம்பு, ஆப்டிக். இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கப் பார்வை மட்டும் போயிருந்தால், பார்வை நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்தை, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வந்த கட்டி அழுத்துகிறதா என்று டாக்டர்கள் யோசிப்பார்கள்.

இப்போது டார்ச். வெளிச்சம் ஒரு கண்ணில் பட்டால் இரண்டு கண்மணியும் சுருங்க வேண்டும். வெளிச்சத்தை உள்ளே கொண்டுபோவது இரண்டாம் நரம்பு, சுருங்கச் சொல்வது மூன்றாவது, ஆக்குலோமோட்டார். அதன் பிறகு தலையை அசைக்காமல் உங்கள் விரலைக் கண்ணால் மட்டும் பின்தொடரச் சொல்லி, பெரிய 'எச்' எழுத்து போல விரலை நகர்த்துங்கள். கண்ணை அசைக்கும் ஆறு தசைகளில் நான்கை மூன்றாம் நரம்பே பார்த்துக்கொள்கிறது, இமையைத் தூக்குவதும் அதுதான். அது செயலிழந்தால் இமை தொங்கும், கண் கீழேயும் வெளியேயும் ஒதுங்கி நிற்கும். சர்க்கரை நோயால் வரும்போது கண்மணி பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும். ஆனால் இமை தொங்கி, கண்மணியும் பெரிதாக விரிந்திருந்தால், அதுவும் கடுந்தலைவலியோடு என்றால், மூளை ரத்தக்குழாயில் வீக்கம் நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம். அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நான்காவது, ட்ராக்ளியர், ஒரே ஒரு தசைக்கு மட்டும் போகிறது. அது பழுதானால் மெட்ரோ ஸ்டேஷன் படிக்கட்டில் இறங்கும்போது ஒரு படி இரண்டாகத் தெரியும், அதைச் சமாளிக்க ஆள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருப்பார். ஆறாவது, அப்டுசென்ஸ், கண்ணை வெளிப்பக்கம் திருப்பும். மண்டைக்குள் அழுத்தம் கூடினாலே இது பாதிக்கப்படலாம், கட்டி வேறெங்கோ இருந்தாலும்.

முகத்துக்கு வருவோம். பஞ்சுத் துணுக்கால் நெற்றி, கன்னம், தாடை மூன்றையும் இரு பக்கமும் மெல்லத் தொட்டு, "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கா?" என்று கேளுங்கள். பல்லைக் கடிக்கச் சொல்லிக் கன்னத்தசையைத் தொட்டுப் பாருங்கள். இது ஐந்தாவது, ட்ரைஜெமினல். விழியைப் பஞ்சால் தொடும் சோதனையை வீட்டில் செய்யவே வேண்டாம். இந்த நரம்பில் வரும் வலி கொடுமையானது, முகம் கழுவினாலோ, பல் தேய்த்தாலோ, பஸ் ஜன்னல் காற்று பட்டாலோ ஷாக் அடித்தது போல வரும். பல் வலி என்று நினைத்து நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்களும் உண்டு.

ஏழாவது நரம்பு, ஃபேசியல். இந்தப் பதிவையே இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். நான்கு விஷயம் செய்யச் சொல்லுங்கள்: புருவத்தைத் தூக்குவது, கண்ணை இறுக்கி மூடுவது, பல் தெரியச் சிரிப்பது, கன்னத்தை உப்ப வைப்பது. இதில் புருவம்தான் முக்கியம். நெற்றித் தசைக்கு மூளையின் இரு பக்கத்திலிருந்தும் உத்தரவு வருகிறது, வாய்ப்பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து மட்டும். அதனால் மூளையில் பக்கவாதம் வந்தால் வாய் கோணும், ஆனால் புருவத்தைத் தூக்கினால் நெற்றியில் கோடு விழும். நரம்பே பாதித்தால் நெற்றியும் சேர்ந்து மழமழவென்று ஆகிவிடும்.

எங்கள் பெரியப்பா வியாசர்பாடியில் இருக்கிறார். காலை ஆறு மணிக்குப் பேப்பர் படித்தவர், ஆறரைக்குக் காபி குடிக்கும்போது இடது வாயோரம் வழிந்து சட்டை நனைந்தது. பெரியம்மா, ராத்திரி ஃபேன் காற்று அடித்துவிட்டது என்று விளக்கெண்ணெய் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். நான் போய், "பெரியப்பா, புருவத்தைத் தூக்குங்க" என்றேன். நெற்றியில் இரண்டு பக்கமும் கோடு விழுந்தது. கண்ணை மூடி இரு கையையும் முன்னால் நீட்டச் சொன்னேன், இடது கை மெதுவாக, அவருக்கே தெரியாமல் கீழே இறங்கியது. பக்கவாதமாக இருக்கலாம் என்று உடனே 108. சென்ட்ரல் எதிரே இருக்கிற ஜி.எச்.சுக்குக் கொண்டுபோய், ஆறு மணிக்கு நன்றாக இருந்தார் என்று சொன்னோம். அடைப்பைக் கரைக்கும் ஊசியை 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால் அந்த நேரக்கணக்குதான் அவர்கள் முதலில் கேட்டது.

எங்கள் தெருவில் பூ விற்கும் அக்காவுக்கு வேறு மாதிரி. அவருக்கும் வாய் கோணல்தான், ஆனால் வலது நெற்றியில் ஒரு கோடுகூட விழவில்லை. கண்ணை மூடச் சொன்னால் விழி மேலே சுழன்று வெள்ளை தெரிந்தது, இமை மூடவில்லை. வலது காதில் சத்தமெல்லாம் அதிகமாகக் கேட்டது, நாக்கின் முன்பாதியில் ருசி மாறியிருந்தது. இது பெல்ஸ் பால்ஸி, நம்மூரில் முகவாதம் என்போம். 72 மணி நேரத்துக்குள் டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்தால் பலன் நன்றாக இருக்கும், பெரும்பாலானவர்களுக்குச் சில வாரம், சில மாதத்தில் சரியாகிவிடும். அதுவரை கண்ணைக் காப்பாற்ற வேண்டும். பகலில் சொட்டு மருந்து, இரவில் இமையை மூடி டேப். மூடாத விழி காய்ந்து புண்ணாகிவிடும், எண்ணெய் தேய்ப்பதில் மும்முரமாக இருப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். மூளையின் அடியில், தண்டுவடத்தோடு சேரும் மூளைத்தண்டில் வரும் பக்கவாதத்தில் நெற்றியும் பாதிக்கப்படலாம். ஆகவே நெற்றியைப் பார்த்து நீங்களே முடிவு கட்டாதீர்கள், திடீரென்று முகம் கோணினால் எப்படி இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குத்தான்.

எட்டாவது காது, வெஸ்டிபுலோகாக்ளியர். கேட்பதும் உடம்பின் சமநிலையும் இதன் வேலை. காதருகே விரல்களை உரசிப் பாருங்கள். ஃபோர்க் இருந்தால் தட்டி உச்சந்தலை நடுவில் வையுங்கள். நரம்புக் கோளாறு என்றால் சத்தம் நல்ல காதில் அதிகமாகக் கேட்கும், காதுக்குள் அழுக்கோ சீழோ அடைத்திருந்தால் கெட்ட காதில்.

ஒன்பதும் பத்தும், குளோசோஃபாரிஞ்சியல், வேகஸ், சேர்ந்தே பார்க்க வேண்டியவை. வாயைத் திறந்து "ஆ" சொல்லச் சொல்லி டார்ச் அடித்து, தேவைப்பட்டால் குச்சியால் நாக்கை லேசாக அழுத்துங்கள். உள்நாக்கு நேராக மேலே ஏற வேண்டும், ஒரு பக்கம் பழுது என்றால் அது நல்ல பக்கத்துக்கு இழுபடும். தொண்டையைக் குத்திக் குமட்டல் வரவைப்பதைக் கற்றுக்கொள்ளும்போது விட்டுவிடுங்கள். குரலைக் கேளுங்கள். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு குரல் கம்மினால் வேகஸின் கிளை ஒன்றில் அடிபட்டிருக்கலாம். தண்ணீர் குடிக்கும்போது மூக்கு வழியே வந்தாலோ புரையேறினாலோ வாய்வழி எதுவும் கொடுக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும்.

பதினொன்று, ஆக்ஸசரி: தோளைத் தூக்கச் சொல்லி மேலிருந்து அழுத்துங்கள், தாடையைக் கையால் தடுத்துத் தலையைத் திருப்பச் சொல்லுங்கள். தலையை இடது பக்கம் திருப்புவது வலது கழுத்துத் தசை, இதில் எல்லோரும் குழம்புவார்கள். பன்னிரண்டு, ஹைப்போகுளோசல்: நாக்கை நீட்டச் சொல்லுங்கள். உள்நாக்குக்கு நேர்மாறாக, நாக்கு பழுதான பக்கத்துக்கே சாயும், நாளானால் அந்தப் பாதி சுருங்கிப்போகும்.

பார்த்ததை உடனே தாளில் எழுதுங்கள். இடது, வலது என்பது எதிரே உட்கார்ந்திருப்பவருடைய இடது, வலது. அவருக்குப் பக்கத்தில் போய், அவர் பார்க்கும் திசையிலேயே நின்று ஒருமுறை சரிபார்த்துவிட்டு எழுதுங்கள்.