ஆன் செய்ததும் ஹேங் ஆகும் லேப்டாப்: அவசரத்தில் செய்யக்கூடாதவை

லேப்டாப்பை ஆன் செய்து பாஸ்வேர்டு போட்டால் டெஸ்க்டாப் ஒழுங்காக வருகிறது. ஓரிரு நிமிடத்தில் மவுஸ் அம்பு நின்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது. இந்தப் புகாரோடு வருகிற பலரும் முதலில் கேட்பது, “ஃபார்மட் போட்டால் சரியாகிவிடுமா?” என்றுதான். சில நேரம் சரியாகும். ஆனால் டிஸ்க் பழுதாகி அதனால் ஹேங் ஆகிறது என்றால், ஃபார்மட் போட்ட பிறகும் அதே கதைதான் தொடரும். கூடவே, உள்ளே இருந்த குடும்பப் போட்டோக்களும் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் ஃபைல்களும் போய்விடும். டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று தெரியும்வரை ஃபார்மட் பக்கமே போகாதீர்கள்.

ஹேங் ஆனதும் கை தானாகப் பவர் பட்டனுக்குப் போகும். அழுத்திப் பிடித்து அணைப்பது, ஆன் செய்வது, மறுபடி அணைப்பது என்று பலர் இதையே செய்துகொண்டிருப்பார்கள். விண்டோஸ் டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது பவர் போனால் ஃபைல் சிஸ்டம் கெட வாய்ப்பு உண்டு. ஏற்கெனவே பழுதான டிஸ்க் என்றால் ஒவ்வொரு முறையும் நிலைமை மோசமாகலாம். அணைப்பதற்கு முன் கேப்ஸ் லாக் கீயை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு மாறி மாறி எரிந்து அணைந்தால் சிஸ்டம் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. டிஸ்கோ ஏதாவது ஒரு புரோகிராமோ இழுத்துப் பிடித்திருக்கலாம், கொஞ்சம் பொறுத்தால் மீண்டு வரலாம். விளக்கு அசையவே இல்லை என்றால் விண்டோஸ் அடிவரை நின்றுபோயிருக்கிறது. அப்போது டிரைவர் (ஹார்டுவேரை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருள்), ரேம், மதர்போர்டு ஆகியவற்றின் மேல் சந்தேகம் போக வேண்டும். அடுத்து விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கு கீகளையும் ஒன்றாக அழுத்துங்கள். இது கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் மறுபடி துவக்கும். திரை ஒரு கணம் இருண்டு எல்லாம் பழையபடி ஓடினால், எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

இன்னொன்று, “ஷட் டவுன் செய்து ஆன் செய்து பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது” என்பது. விண்டோஸ் 8 வந்த 2012 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் தன் மையப் பகுதியையும் டிரைவர்களையும் டிஸ்கில் சேமித்துவைத்து, அடுத்த முறை அதையே எடுத்துப் போட்டு ஓட்டுகிறது. சிக்கலில் இருந்த டிரைவர் அதே நிலையில் திரும்பி வரலாம். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் துவங்கும். சோதிக்கும்போது ரீஸ்டார்ட்டே கொடுங்கள்.

சரி, உண்மையில் ஹேங் ஆகிறதா, மெதுவாக இருக்கிறதா? ஆன் ஆன முதல் சில நிமிடங்களில் அப்டேட், விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டர், ஃபைல் தேடலுக்குப் பட்டியல் போடும் சர்ச் இண்டெக்ஸ், நாம் போட்டுவைத்த ஆப்கள் எல்லாம் ஒரே நேரத்தில் டிஸ்கைக் கேட்கும். 4 ஜிபி ரேமும் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கும் உள்ள லேப்டாப் அந்த நேரத்தில் திணறுவது இயல்பு. சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்கான எஸ்எஸ்டி போட்டாலே ஆளே மாறிவிடும்.

பழுதா, திணறலா என்று பிரித்தறிய டாஸ்க் மேனேஜர் போதும். லாகின் ஆனதும் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்கைத் தேர்ந்தெடுங்கள். பலர் “100%” என்பதை மட்டும் பார்த்துவிட்டு, இணையத்தில் யாரோ சொன்னபடி சர்வீஸ்களை ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பிக்கிறார்கள். பார்க்க வேண்டியது அதன் கீழே இருக்கிறது. ஆக்டிவ் டைம் 100 சதவீதம் இருந்து, படிக்கும் எழுதும் வேகமும் நன்றாக இருந்தால் டிஸ்க் கடுமையாக வேலை செய்கிறது என்று பொருள். அதே 100 சதவீதத்தில் வேகம் நொடிக்குச் சில கேபி மட்டும், சராசரி ரெஸ்பான்ஸ் டைம் ஆயிரக்கணக்கான மில்லிசெகண்ட் என்று வந்தால், டிஸ்க் ஏதோ ஓர் இடத்தைப் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

அதை உறுதிசெய்ய கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து பாருங்கள். சுழலும் டிஸ்காக இருந்தால் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளின் கடைசிப் பத்தி முக்கியம். சி5 என்பது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் (டிஸ்கில் தகவல் பதியும் சிறு பகுதிகளின்) எண்ணிக்கை. அங்கே பூஜ்யம் இல்லாமல் வேறு எண் இருந்து, மேலே மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கையும் தெரிந்தால், வேறு எந்த வேலையும் செய்யாமல் ஃபைல்களை வெளியே எடுங்கள். இந்த இடத்தில்தான் நல்ல எண்ணத்தோடு பெரிய தவறு நடக்கிறது: “எரர் இருக்கிறதே” என்று, விண்டோஸில் டிஸ்கைச் சோதிக்கும் கருவியான செக்டிஸ்கை முழு ஸ்கேனுக்கு விடுவது. அது டிஸ்கின் கடைசி மூலைவரை மணிக்கணக்கில் படிக்கும். மிச்சமிருக்கும் உயிரை அதில் செலவழிக்க வேண்டாம். பேக்கப் முடிந்த பிறகு என்ன வேண்டுமானாலும் ஓட்டலாம்.

காப்பி செய்யும் அளவுக்கு விண்டோஸ் தாக்குப்பிடிக்கவில்லையா? வேறொரு கம்ப்யூட்டரில், விண்டோஸைப் போன்ற இன்னொரு இலவச ஆபரேட்டிங் சிஸ்டமான உபுண்டுவின் பென்டிரைவ் ஒன்று தயார் செய்து, அதிலிருந்து பூட் செய்யுங்கள். இன்ஸ்டால் செய்யாமல் ‘ட்ரை’ என்பதைத் தேர்ந்தெடுத்தாலே போதும், ஃபைல்களை வெளி டிஸ்குக்கு எடுத்துவிடலாம். இதில் இன்னொரு லாபமும் உண்டு. உபுண்டுவும் உறைந்து நின்றால் சந்தேகம் ஹார்டுவேர் பக்கம் போகிறது. நெடுநேரம் சிக்கலில்லாமல் ஓடினால் ரேமும் போர்டும் பெரும்பாலும் தப்பித்தன என்று எடுத்துக்கொண்டு, விண்டோஸையும் டிஸ்கையும் பார்க்கலாம். பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) போட்ட லேப்டாப் என்றால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். பலருக்கு அது தங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறது என்பதே தெரியாது. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பில்) எதையும் மாற்றுவதற்கு முன்பே அதை எடுத்து எழுதிவையுங்கள்.

டிஸ்க் நன்றாக இருக்கிறதா, அப்புறம் சேஃப் மோட், அதாவது அவசியமான டிரைவர்களோடு மட்டும் விண்டோஸை ஓட்டும் முறை. ஷிஃப்ட்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்தால் அதற்கான வழி வரும். சேஃப் மோடில் உறையாமல் ஓடினால், ஏதோ ஒரு டிரைவரோ ஸ்டார்ட்அப் புரோகிராமோதான் காரணமாக இருக்கும். எம்எஸ்கான்ஃபிக் (msconfig) என்ற விண்டோஸ் கருவியில் மற்ற சர்வீஸ்களை நிறுத்திச் சோதிக்கலாம். ஆனால் ‘ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்’ என்பதை டிக் செய்யாமல் எல்லாவற்றையும் அணைத்துவிட்டால், விண்டோஸுக்கே தேவையானவையும் சேர்ந்து நின்று புதுத் தலைவலி வரும். டிக் செய்த பிறகு பாதியை அணைத்துப் பாருங்கள். உறைவது நின்றதா, குற்றவாளி அந்தப் பாதியில்தான். இப்படியே பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வரலாம். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை முதலில் நீக்குங்கள். “டிரைவர் அப்டேட்டர்”, “ரெஜிஸ்ட்ரி கிளீனர்” போன்றவற்றை இறக்கவே வேண்டாம். டிரைவர் வேண்டுமென்றால் லேப்டாப் கம்பெனியின் தளத்தில் அந்த மாடலுக்கு உரியதை எடுங்கள்.

விண்டோஸில் நடந்தவற்றின் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறப்பவர்கள் ‘கெர்னல் பவர் 41’ என்ற சிவப்பு வரியைப் பார்த்து, பவர் சப்ளை போய்விட்டது என்று முடிவுகட்டுகிறார்கள். முறையாக ஷட் டவுன் ஆகாமல் சிஸ்டம் மறுபடி துவங்கியது என்பதை மட்டுமே அது சொல்கிறது. நீங்கள் பவர் பட்டனை அழுத்தி அணைத்தாலும் அந்த வரி வரும். அதற்கு முந்தைய சில நிமிடங்களில் டிஸ்க் என்ற பெயரில் 7 அல்லது 153 என்ற எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சூட்டின் மேல் பழி போடுவதும் வழக்கம். ஆன் செய்த ஒரு நிமிடத்தில் உறைவதற்குச் சூடு காரணமாக இருப்பது குறைவு. ஃபேன் சுற்றவே இல்லை என்றால் ஒழிய, சூடேற நேரம் பிடிக்கும். பிரிண்டர், டாங்கிள், வெளி டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு முறை ஆன் செய்து பாருங்கள்.

சர்வீஸ் சென்டருக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றால், “என்னிடம் கேட்காமல் ஃபார்மட் செய்யக்கூடாது” என்று ஜாப் ஷீட்டிலேயே எழுதி வாங்குங்கள். எத்தனை நிமிடத்தில் நிற்கிறது, கேப்ஸ் லாக் விளக்கு மாறியதா, சேஃப் மோடிலும் உறைந்ததா என்பதையும் அதிலேயே சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.