சிறிய மிரர்லெஸ் கமரா வாங்குமுன் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி? வன்னியிலிருந்து ஒரு செய்முறை விளக்கம்

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலையொட்டி முள்ளியவளை காட்டு விநாயகர் ஆலயத்தில் கடல்நீரில் விளக்கெரியும் நாட்களில், ஓர் இரவு என் அக்காவின் மகன் புதிதாக வாங்கிய சிறிய கமராவுடன் வந்திருந்தான். கூட்டத்தின் பின்னால் நின்று, லென்ஸை இறுதிவரை சூம் செய்து, நூறு படங்களுக்குக் குறையாமல் எடுத்தான். வீட்டுக்கு வந்து மடிக்கணினியில் திறந்தபோது, கும்பிட்டு நின்றவர்களின் கைகள் இழுபட்டும், முகங்கள் மணல் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாகவும் இருந்தன. "மாமா, கமரா பழுதோ?" என்று கேட்டான். கமராவில் ஒரு பழுதும் இல்லை. மெகாபிக்சல் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டு வாங்கியவன், அந்தக் கமராவோடு வந்த லென்ஸ் எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடும் என்பதைப் பார்க்கவில்லை. அன்றிரவு அவனுக்கு நான் சொல்லிக் கொடுத்ததையே இங்கு படிப்படியாக எழுதுகிறேன்.

ஒப்பிடுவதற்கு எடுத்துக்காட்டாக, 2024 ஒக்ரோபரில் அறிவிக்கப்பட்ட ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்-எம்5 கமராவை நடுவில் வைக்கிறேன். அதற்கு மாற்றாக நான்கைப் பார்ப்போம்: கெனன் ஆர்50 (2023), சோனி இசட்வி-ஈ10 இரண்டாம் பதிப்பு (2024), நிகோன் இசட்50 இரண்டாம் பதிப்பு (2024), பாவித்த நிலையில் கிடைக்கும் நிகோன் டி3500 (2018). கடைசியாகச் சொன்னது உள்ளே கண்ணாடியுள்ள பழைய டிஎஸ்எல்ஆர் வகை; மற்றவை அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகை. கையில் பணம் குறைவானவர்களுக்கு அது இன்றும் மதிக்கத்தக்க தெரிவு என்பதால் சேர்த்திருக்கிறேன்.

படி 1: நீங்கள் எடுக்கும் படங்களை எண்ணுங்கள்

உங்கள் கைத்தொலைபேசியில் கடைசியாக எடுத்த இருநூறு படங்களைத் திறந்து, ஒரு கொப்பியில் நான்கு நிரல்கள் போடுங்கள்: பகல் வெளி, இரவு அல்லது மண்டபம், தூரத்துப் பொருள், வீடியோ. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கோடு. இதற்கு அரைமணி நேரம் போதும். என் மருமகனுக்கு இதைச் செய்வித்தபோது, பாதிக்கு மேற்பட்ட கோடுகள் இரவு நிரலில் விழுந்தன. சாமத்திய வீடு, கோவில் திருவிழா, பிறந்தநாள் என எல்லாமே மின்விளக்கின் கீழ் நடந்தவை. அவன் கடைக்குப் போகும்போது மனதில் இருந்ததோ இரணைமடுக் குளத்து அலைகரையில் மாலை வெயிலில் எடுக்கப்போகும் படங்கள். வாங்க வேண்டிய கமராவைக் காட்டுவது இந்தக் கொப்பிதான்; ஆகவே இந்தப் படியைத் தாண்டிச் செல்ல வேண்டாம்.

படி 2: முழுப் பையையும் நிறுங்கள்

விளம்பரங்கள் கமரா உடலின் எடையை மட்டும் சொல்கின்றன. லென்ஸ் இல்லாத கமராவால் படமெடுக்க முடியாது. ஆகவே பற்றரியும் மெமரி கார்டும், கமராவோடு சேர்த்து விற்கப்படும் கிட் லென்ஸும் சேர்ந்த எடையைக் கூட்டிப் பாருங்கள். எக்ஸ்-எம்5 பற்றரி, கார்டுடன் 355 கிராம். அதன் 15–45 மி.மீ. லென்ஸ் 135 கிராம், மொத்தம் 490. கெனன் ஆர்50 375 கிராம், 18–45 லென்ஸ் 130, மொத்தம் 505. சோனியும் இதே அளவில் நிற்கிறது. நிகோன் இசட்50 இரண்டாம் பதிப்பு மட்டும் 550 கிராம் உடலும் 135 கிராம் லென்ஸுமாக 685 வரை போகிறது. முதல் மூன்றுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு கைப்பிடி கச்சானின் எடைகூட வராது. எனவே "மிகச் சிறியது, மிக இலேசானது" என்று சொல்லி ஒருவர் அவற்றுள் ஒன்றை விற்க முயன்றால், அந்தக் காரணத்தை ஒதுக்கிவிட்டு அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

படி 3: வெளிச்சக் கணக்கைப் போடுங்கள்

என் மருமகன் தவறவிட்ட படி இது. எனவே சற்று விரிவாகவே சொல்கிறேன். லென்ஸின் பெயரில் "எஃப்" என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் எண், அதன் துவாரம் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதைக் காட்டுகிறது. எண் சிறிதாக இருந்தால் துவாரம் பெரிது. இரண்டு லென்ஸ்களை ஒப்பிட, பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்து, வரும் விடையை அதே விடையால் பெருக்குங்கள். எக்ஸ்-எம்5 உடன் வரும் 15–45 லென்ஸ் சூமின் இறுதியில் எஃப் 5.6. அதே கமராவுக்குத் தனியாகக் கிடைக்கும் 35 மி.மீ. லென்ஸ் எஃப் 2. ஐந்து தசம் ஆறை இரண்டால் வகுத்தால் 2.8, அதை மீண்டும் 2.8 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ எட்டு. அதாவது இரண்டாவது லென்ஸ் எட்டு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும்.

இந்த எட்டு மடங்கு படத்தில் எப்படித் தெரியும்? நடந்து வரும் ஒருவரை இழுபடாமல் எடுக்க, ஷட்டர் வேகம் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்) ஒரு விநாடியின் 125இல் ஒரு பங்காவது இருக்க வேண்டும். ஒரு மண்டபத்தின் வெளிச்சத்தில் அந்த வேகத்துக்கு எஃப் 5.6 லென்ஸ் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்; அது கூடினால் புள்ளிகளும் கூடும்) 12,800 கேட்குமானால், எஃப் 2 லென்ஸுக்கு 1,600 போதும். முகத்தில் மணல் தூவிய தோற்றத்துக்கும், கன்னத்தில் பூசிய சந்தனம் தெளிவாகத் தெரிவதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். கெனனில் கணக்கு இன்னும் கூர்மையாகிறது: கிட் லென்ஸ் இறுதியில் எஃப் 6.3, தனியாகக் கிடைக்கும் 50 மி.மீ. லென்ஸ் எஃப் 1.8, வேறுபாடு பன்னிரண்டு மடங்கு.

லென்ஸில் உள்ள அசைவுத் தடுப்பு இதைச் சரிசெய்யும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது உங்கள் கைநடுக்கத்தை மட்டுமே தடுக்கும். கும்பிடும் கையை அசையாமல் நிறுத்தாது. ஃபியூஜி, கெனன், சோனி, நிகோன் ஆகிய இந்த நான்கு புதிய கமராக்களின் உடலிலும் படத்தைப் பதியும் சென்சரை அசைத்து நடுக்கத்தைத் தடுக்கும் வசதி இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, கமராவின் விலையைக் கேட்கும்போதே இரண்டாவது லென்ஸின் விலையையும் கேட்டு இரண்டையும் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகைதான் நீங்கள் ஒப்பிட வேண்டிய விலை. இங்கே ஒரு சிறு எச்சரிக்கை: லென்ஸின் மி.மீ. எண் கூடக்கூடக் காட்சி குறுகும். கெனனின் சென்சர் சற்றுச் சிறியது என்பதால், அதில் 50 மி.மீ. லென்ஸ் 80 மி.மீ. போன்ற குறுகிய காட்சியையே தரும். வீட்டு அறைக்குள் சுவரோடு சாய்ந்து நின்றாலும் குடும்பம் முழுவதும் படத்துக்குள் வராது. ஃபியூஜியின் 35 மி.மீ. ஏறத்தாழ 52 மி.மீ. போல நடந்துகொள்ளும். பணம் இடங்கொடுத்தால் சிக்மாவின் 18–50 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் மூன்று நிறுவனங்களின் கமராக்களுக்கும், அதாவது ஃபியூஜி, சோனி, கெனன் ஆகியவற்றுக்கும் கிடைக்கிறது. அறைக்குள்ளும் வெளியிலும் ஒன்றையே வைத்துக்கொண்டு வேலை பார்க்கலாம்.

படி 4: நண்பகலில் திரையைப் பாருங்கள்

எக்ஸ்-எம்5 கமராவிலும் சோனியிலும் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லை. பின்புறத் திரை மட்டுமே. கெனன், நிகோன் இரண்டிலும் வியூஃபைண்டர் உண்டு. கடைக்குள் குளிரூட்டியின் கீழ் நின்று பார்க்கும்போது இது பெரிய குறையாகத் தெரியாது. சிறுபோக அறுவடைக் காலத்தில் வயல்வெளியில் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு நின்று பார்த்தால், திரையில் உங்கள் சொந்த முகமே பிரதிபலிக்கும். விற்பனையாளரிடம் அனுமதி பெற்று, கமராவைக் கடை வாசலுக்குக் கொண்டு வந்து, வெயிலில் ஒரு பெயர்ப்பலகையைக் குறிவைத்துப் பாருங்கள். வாசிப்புக் கண்ணாடி அணிபவர்களுக்கு வியூஃபைண்டரில் இன்னொரு நன்மை உண்டு: அதன் அருகிலுள்ள சிறு சக்கரத்தைத் திருப்பித் தம் பார்வைக்கு ஏற்பச் சரிசெய்துகொண்டால், கண்ணாடியைக் கழற்றிப் போட அவசியம் ஏற்படாது. பாடசாலை விளையாட்டுப் போட்டிகளைப் பதிவு செய்யும் ஆசிரியர்கள் பலருக்கு இந்த ஒன்றுக்காகவே கெனனைப் பரிந்துரைத்திருக்கிறேன்.

படி 5: மின்விளக்கின் கீழ் பட்டைகள் விழுகின்றனவா என்று பாருங்கள்

இலங்கையின் மின்சாரம் விநாடிக்கு ஐம்பது சுற்றுகள் கொண்டது; அதில் எரியும் விளக்குகளில் பல விநாடிக்கு நூறு முறை மினுங்குகின்றன. நம் கண் அதை உணராது, கமரா உணரும். கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ உறவினர் கொண்டு வந்து தரும் கமராக்கள் பெரும்பாலும் விநாடிக்கு 30 அல்லது 60 சட்டகம் என்ற அமைப்பில் இருக்கும்; அதே அமைப்பில் கலியாண மண்டபத்தில் வீடியோ எடுத்தால் திரையில் கரும்பட்டைகள் ஊர்ந்து செல்லும். மெனுவில் வீடியோ முறையை PAL என்பதற்கு மாற்றி, 25 சட்டகமும் ஒரு விநாடியின் 50இல் ஒரு பங்கு ஷட்டர் வேகமும் வைத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

ஒளிப்படங்களிலும் இந்தத் தொல்லை உண்டு. சோனி இசட்வி-ஈ10 இரண்டாம் பதிப்பில் இயந்திர ஷட்டரே இல்லை. முழுக்க மின்னணு ஷட்டர்; அது படத்தை வரிவரியாகப் பதிவதால் மினுங்கும் விளக்கில் பட்டைகள் விழலாம். அது வீடியோவுக்காகச் செய்யப்பட்ட கமரா, அந்த வேலையில் நன்றாகவே இயங்குகிறது, பற்றரியும் பெரியது. ஆனால் எல்இடி அலங்கார விளக்குகளின் கீழ் கோவில் படங்கள் எடுப்பதும், ஃபிளாஷ் பாவிப்பதும் உங்கள் கொப்பியில் அதிகமாக இருந்தால் அதை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

படி 6: தூரத்துப் பொருள்

சுண்டிக்குளத்துப் பூநாரைகளையும் கட்டுக்கரைக் குளத்துக் கூழைக்கடாக்களையும் எடுக்க விரும்புபவர்கள் சிறிய கமராவின் அழகில் மயங்காமல், முதலில் நீளமான லென்ஸின் விலையைப் பாருங்கள். நிகோனின் 50–250 மி.மீ. லென்ஸ் 405 கிராம் மட்டுமே. இசட்50 இரண்டாம் பதிப்பு பறவைகளை அடையாளங்கண்டு பின்தொடர்ந்து ஃபோக்கஸ் செய்யவும் வல்லது. கெனனின் 100–400 மி.மீ. லென்ஸ் 635 கிராம். ஆர்50 கமராவில் 640 மி.மீ. போலக் காட்சியை நெருக்கித் தரும். ஆழமான கைப்பிடி இல்லாத எக்ஸ்-எம்5 உடலில் நீண்ட லென்ஸைப் பொருத்தி ஒரு மணிநேரம் பிடித்து நிற்பது மணிக்கட்டை வருத்தும்.

படி 7: புழுதி, மழை, மின்சாரம், உத்தரவாதம்

இவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எக்ஸ்-எம்5, ஆர்50, சோனி மூன்றும் புழுதிக்கும் நீருக்கும் அடைப்புச் செய்யப்பட்டவை அல்ல. சோளகக் காற்று வீசும் மாதங்களில் கிரவல் வீதியோரத்தில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். மாற்றியே ஆகவேண்டுமென்றால் கமராவை நிறுத்தி, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து மாற்றுங்கள். காலபோக மழைக் காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதிகளுடன் வையுங்கள். இந்தக் கமராக்களை 40 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்துக்கே தயாரிப்பாளர்கள் பரிந்துரைக்கிறார்கள். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் அதைவிடக் கூடுதலாகும்.

பெரிய பற்றரி கொண்ட சோனியைத் தவிர, இந்தச் சிறிய மிரர்லெஸ் கமராக்கள் ஒரு பற்றரியில் சில நூறு படங்கள் என்ற அளவிலேயே நிற்கும். நிகோன் டி3500 ஒரு முறை மின்னேற்றினால் நிறுவனத்தின் அளவீட்டின்படி 1,550 படங்கள் எடுக்கும். ஆனால் அதில் தொடுதிரை இல்லை, வெளி ஒலிவாங்கி பொருத்தும் துளை இல்லை, 4கே வீடியோவும் இல்லை. வீடியோ நிரல் வெறுமையாக உள்ளவர், பாவித்த 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸுடன் அதை வாங்கினால், கிட் லென்ஸ் மட்டும் பூட்டிய புதிய கமராவைவிட இரவில் நல்ல படங்கள் எடுப்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வெளிநாட்டிலிருந்து வரும் கமராவாயின், உத்தரவாதம் இலங்கையில் செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள். ஜப்பான் சந்தைக்கென விற்கப்படும் சோனி கமராக்களில் பெரும்பாலும் ஜப்பானிய மொழி மெனு மட்டுமே இருக்கும். பெட்டியைத் திறந்து மெனுவைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

படி 8: கடையில் பத்து நிமிடம்

வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ கடைக்குப் போகும்போது உங்கள் சொந்த மெமரி கார்டைக் கொண்டு போங்கள். கூடவே ஒரு சிறு பிள்ளையையும் அழைத்துச் செல்ல முடிந்தால் நல்லது. ஷட்டர் வேகத்தை 125இல் ஒரு பங்கில் வைத்து, ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டு, பிள்ளையை உங்களை நோக்கி நடந்து வரச் சொல்லுங்கள். கண் மீது ஃபோக்கஸ் சதுரம் தோன்றி விலகாமல் பின்தொடர்கிறதா என்று பார்த்துக்கொண்டே பத்துப் படங்கள் எடுங்கள். பிறகு கடையின் மூலையிலுள்ள இருண்ட தட்டுக்கு முன்னால் பிள்ளையை நிறுத்தி இன்னும் பத்து. இதையே ஒவ்வொரு கமராவிலும் செய்து, வீட்டுக்கு வந்து ஒரே திரையில் அடுத்தடுத்துப் பாருங்கள். எக்ஸ்-எம்5 கமராவைச் சோதிக்கும்போது மேலேயுள்ள ஃபிலிம் நிறச் சக்கரத்தையும் திருப்பிப் பாருங்கள். மடிக்கணினி இல்லாதவர்களுக்கு, எடுத்தவுடனேயே அனுப்பக்கூடிய நிறத்தில் படம் கிடைப்பது உண்மையான வசதி. என் மருமகன் இறுதியில் தன் கமராவையே வைத்துக்கொண்டு, அதற்கு எஃப் 2 லென்ஸ் ஒன்றைச் சேர்த்துக்கொண்டான்.

வாங்கிய மறுநாள், பற்றுச்சீட்டு கையில் இருக்கும்போதே, கடைசிச் சோதனையைச் செய்யுங்கள். முகில் இல்லாத வானத்தை எஃப் 16இல் எடுத்து, திரையில் பெருப்பித்து, மூலைக்கு மூலை பாருங்கள். எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் மங்கலான கரும்புள்ளி தெரிந்தால் அது சென்சரில் ஒட்டிய தூசி. மெனுவில் சென்சர் சுத்திகரிப்பு இருந்தால் அதை இயக்கி மீண்டும் எடுங்கள். புள்ளி அப்படியே இருந்தால், துணியாலோ விரலாலோ தொடாமல், கமராவைப் பெட்டியோடு கடைக்குத் திருப்பிக் கொண்டு செல்லுங்கள்.